குளத்துக்கு நிதி கேட்கும் முன்: ஒரு நகராட்சிப் பொறியாளரின் கோப்பிலிருந்து

"நாளை மாலை ஐந்து மணிக்குள் முன்மொழிவு அனுப்பவும்." நகராட்சிப் பொறியியல் பிரிவில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற எனக்கு இந்த ஒரு வரி இன்னும் கனவில் வரும். ஏதோ ஒரு திட்டத்தில் பணம் இருக்கும். தகவல் நம் மேசைக்கு வந்து சேரும்போது கையில் ஒரு ராத்திரிதான் மிச்சம் இருக்கும். ஒரு ராத்திரியில் குளத்தை அளக்க முடியாது. முன்பே அளந்து வைத்திருந்த ஊர் அனுப்பிவிடும், பணமும் அந்த ஊருக்குப் போய்விடும்.

புதிய கவுன்சிலர்கள், இப்போதுதான் பணியில் சேர்ந்திருக்கும் உதவிப் பொறியாளர்கள், தங்கள் வார்டு ஊருணியைப் பார்த்துப் பார்த்து வருந்துகிறவர்கள், இவர்களுக்காக இதை எழுதுகிறேன். வெள்ளத்தையும் வறட்சியையும் தாங்கும் வேலைகளுக்கும், கரியமில வாயுவைக் குறைக்கும் வேலைகளுக்கும் தமிழ்நாட்டில் ஒரு சிறிய நகராட்சி எப்படி அரசு நிதி வாங்குவது என்பதுதான் விஷயம்.

பணம் எந்தப் பெயரில் வரும்

"காலநிலை" என்ற சொல்லை வைத்துத் தேடினால் கொஞ்சம்தான் கிடைக்கும். பெரும்பகுதிப் பணம் குடிநீர், துப்புரவு, பூங்கா என்ற பெயர்களில்தான் வருகிறது. 2021 அக்டோபர் 1ல் தொடங்கிய, நகரங்களின் குடிநீர், கழிவுநீர் வேலைகளுக்கான மத்திய அரசின் அம்ருத் 2.0 திட்டத்தில் நீர்நிலைப் புனரமைப்புக்கு இடம் உண்டு. ஒரு லட்சத்துக்குக் குறைவான மக்கள்தொகை உள்ள ஊருக்கு மத்திய அரசு பாதிச் செலவைத் தரும். ஒரு லட்சம் முதல் பத்து லட்சம் வரை என்றால் மூன்றில் ஒரு பங்கு. அதே நாளில் தொடங்கிய தூய்மை இந்தியா இயக்கம் 2.0ல் பழைய குப்பை மேட்டைத் தோண்டிப் பிரிக்கும் பயோமைனிங் வேலைக்கு நிதி உண்டு. 15வது நிதிக்குழு 2021-26 காலத்துக்குச் சிறிய நகரங்களுக்குப் பரிந்துரைத்த மானியத்தில் 60 சதவீதம் கட்டுப்பட்ட நிதி: அதில் பாதி குடிநீர், மழைநீர் சேகரிப்பு, நீர் மறுபயன்பாட்டுக்கு; மறுபாதி துப்புரவுக்கும் திடக்கழிவுக்கும். மாநில அரசின் பக்கம் கலைஞர் நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டம், மக்கள் ஒரு பங்கு போட்டால் அரசு மீதியைப் போடும் நமக்கு நாமே திட்டம் ஆகியவை.

இவை ஐந்தாண்டுக்கு ஒருமுறை பெயர் மாறும். 2015ல் வந்த முதல் அம்ருத்தையும் பார்த்தேன், இரண்டாவதையும் பார்த்தேன். முன்மொழிவைப் படிக்கிறவர் கேட்ட கேள்விகள் ஏறக்குறைய அதேதான். அதனால் திட்டத்தின் பெயரைத் துரத்தாமல் அந்தக் கேள்விகளுக்குப் பதில் தயார் செய்யுங்கள்.

இன்னொன்று. தமிழ்நாடு காலநிலை மாற்ற இயக்கத்தின் கீழ் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஆட்சியர்தான் இயக்குநர், மாவட்ட வன அலுவலர் காலநிலை அலுவலர். உங்கள் குளம் மாவட்டத்தின் காலநிலைத் திட்டப் பட்டியலில் ஒரு வரியாக ஏறிவிட்டால், பிறகு எந்தத் துறையில் நிதி கேட்டாலும் அந்த வரி துணை நிற்கும். ஆட்சியர் அலுவலகத்துக்குப் போகும்போது வன அலுவலரையும் ஒரு எட்டு பார்த்துவிட்டு வாருங்கள். நம்மில் பலர் அதைச் செய்வதில்லை.

முதல் தாள், நிலத்தின் தாள்

இங்கேதான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் இங்கேதான் நான் ஒரு வருடத்தை இழந்தேன்.

ஓர் ஊரில் ஊருணி ஒன்றுக்கு விரிவான திட்ட அறிக்கை தயாரித்தோம். ஆலோசனை நிறுவனம் செயற்கைக்கோள் படத்தில் கரையைச் சுற்றிக் கோடு போட்டு 94 ஏர்ஸ் (ஒரு ஏர்ஸ் 100 சதுர மீட்டர்) என்று எழுதியது. நானும் கையெழுத்துப் போட்டேன். நகர நில அளவைப் பதிவேட்டில், நாம் டி.எஸ்.எல்.ஆர். என்று சொல்கிறோமே அதில், 1 ஹெக்டேர் 12 ஏர்ஸ் இருந்தது. கோப்பு திரும்பி வந்தது, ஒரே கேள்வியோடு: மீதி 18 ஏர்ஸ் எங்கே? 18 ஏர்ஸ் என்றால் ஏறக்குறைய 44 சென்ட். நில அளவரைக் கூட்டிக்கொண்டு போய்ச் சங்கிலி போட்டோம். வடகரையை யாரோ தனியார் பிடித்திருப்பார் என்று நினைத்திருந்தேன். பிடித்திருந்தது நகராட்சியே போட்ட சாலையும் அதன் மழைநீர் வடிகாலும். அறிக்கையைத் திருத்தி, வட்டாட்சியரிடம் அளவைச் சான்று வாங்கி மறுபடி அனுப்புவதற்குள் அந்த ஆண்டு ஒதுக்கீடு முடிந்துவிட்டது. அந்த ஐப்பசியில் ஊருணிக்குக் கீழே இரண்டு தெருக்களில் தண்ணீர் புகுந்தது. முழங்கால் தண்ணீரில் அரிசி மூட்டையைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்த ஒரு பாட்டியை நான் மறக்கவில்லை.

அதனால் முதல் வேலை இது. டி.எஸ்.எல்.ஆர். நகலும் பிளாக் வரைபடமும் வாங்குங்கள். நிலம் நகராட்சி பெயரில் இருக்கிறதா, அரசுப் புறம்போக்கா, நீர்வளத் துறையுடையதா, கோயில் குளமா என்று பாருங்கள். வேறு துறையுடையது என்றால் தடையின்மைச் சான்றுக்கு இன்றே கடிதம் எழுதுங்கள். அதுதான் எல்லாவற்றிலும் அதிக நாள் எடுப்பது. பிறகு நில அளவரை வைத்துத் தரையில் அளந்து, எல்லைக் கல் நட்டு, ஒவ்வொரு கல்லையும் படம் எடுங்கள். ஆக்கிரமிப்பு இருந்தால் அறிக்கையில் மறைக்காதீர்கள். எத்தனை வீடு, எத்தனை சென்ட், என்ன நடவடிக்கையில் இருக்கிறது என்று எழுதிவிடுங்கள். மறைத்த கோப்பு ஒப்பந்ததாரர் பொக்லைனோடு வந்து நிற்கும் நாளில் மாட்டிக்கொள்ளும்.

தண்ணீருக்கு ஒரு கணக்கு

"குளத்தைத் தூர்வாரி அழகுபடுத்துதல்" என்று தலைப்பு வைத்தால் அது பூங்கா வேலை போலத்தான் தெரியும். வெள்ளத்தைத் தாங்கும் வேலை என்று காட்ட எண் வேண்டும். கடினமான கணக்கும் இல்லை. ஒரு ஹெக்டேர் குளத்தை ஒரு மீட்டர் ஆழப்படுத்தினால் 10,000 கன மீட்டர், அதாவது ஒரு கோடி லிட்டர் கூடுதலாகப் பிடிக்கும். ஒரு ஹெக்டேர் தெருவில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் விழுவது 1,000 கன மீட்டர்.

எங்கள் ஊருணிக்கு நீர் தரும் பகுதி 20 ஹெக்டேர். 10 செ.மீ. மழைக்கு 20,000 கன மீட்டர் விழும். மண்ணில் இறங்குவது போக 60 சதவீதம் ஓடி வருகிறது என்று வைத்தால் 12,000. சாலையை நகர்த்த முடியாததால் மிஞ்சிய 94 ஏர்ஸை ஒரு மீட்டர் ஆழப்படுத்தினால் பிடிப்பது 9,400. மீதி 2,600 கன மீட்டர் எங்கே போகும்? குளம் நிரம்பி வழியும் நீரை வெளியேற்றும் மறுகால் வழியாகத்தான் போக வேண்டும். அந்த மறுகால் கால்வாயில் கடை கட்டியிருந்தார்கள். கணக்குப் போடாமல் இருந்திருந்தால் அந்தக் கால்வாயை மதிப்பீட்டில் சேர்க்கவே தோன்றியிருக்காது.

2015 டிசம்பர் 1ல் தாம்பரத்தில் 49 செ.மீ. பெய்தது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 செ.மீ. கொட்டியது. அந்த மழையை எந்த ஊருணியும் பிடிக்காது. அதனால்தான் வரத்துக் கால்வாய், குளம், மறுகால் மூன்றையும் ஒரே வேலையாகக் கேளுங்கள் என்கிறேன். குளத்தை மட்டும் கேட்டு வாங்குவது பாதி வேலை.

சாக்கடை எந்த இடத்தில் கலக்கிறது என்பதையும் வரைபடத்தில் குறியுங்கள். அதைத் திருப்பாமல் தூர்வாரினால் இரண்டே வருடத்தில் பழைய கதைதான். மண் சுத்தமாக இருந்தால் விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் வண்டல் மண்ணை அனுமதி பெற்று இலவசமாக எடுத்துப் போகலாம்; உங்களுக்கும் லாரிச் செலவு மிச்சம். சாக்கடை கலந்த மண் என்றால் பரிசோதனை செய்யாமல் யாருடைய வயலுக்கும் கொடுக்காதீர்கள்.

கரியமிலக் கணக்கு

தெருவிளக்கை வைத்துச் சொல்கிறேன். பழைய 40 வாட் குழல்விளக்கு சோக்கோடு சேர்த்து ஏறக்குறைய 50 வாட் இழுக்கும். 20 வாட் எல்.இ.டி. போட்டால் 30 வாட் மிச்சம். இரவுக்கு 11 மணி நேரம், 365 நாள் என்றால் ஒரு விளக்குக்கு ஆண்டுக்கு 120 யூனிட். ஆயிரம் விளக்குக்கு 1,20,000 யூனிட். நம் மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு என்று வைத்தால் ஆண்டுக்கு 84 டன். மத்திய மின்சார ஆணையம் இந்த எண்ணை ஆண்டுதோறும் வெளியிடுகிறது. அனுப்பும் ஆண்டின் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே மின்கட்டணச் சேமிப்பையும் ரூபாயில் எழுதுங்கள். மன்றத்தில் கை தூக்குகிறவர்களுக்கு டன்னைவிட ரூபாய் சீக்கிரம் புரியும், அதில் தவறும் இல்லை.

நீரேற்று நிலையங்களை மறந்துவிடாதீர்கள். பல நகராட்சிகளில் தெருவிளக்கைவிட அங்கேதான் மின்சாரம் அதிகம் ஓடுகிறது. பன்னிரண்டு மாத மின்கட்டண ரசீதைத் தனிக் கோப்பில் போட்டு வைத்தால் போதும், பாதி அறிக்கை தயார்.

தீர்மானமும் மதிப்பீடும்

மதிப்பீடு நடப்பு ஆண்டு விலை விகித அட்டவணைப்படி இருக்க வேண்டும். ஜிஎஸ்டி, ஒரு சதவீதத் தொழிலாளர் நல நிதி இரண்டும் விட்டுப்போகக் கூடாது. அவை விடுபட்டால் அந்தத் தொகை நகராட்சியின் பொது நிதியில் விடியும். மன்றத் தீர்மானத்தில் மூன்று விஷயம் தெளிவாக இருக்கட்டும்: வேலையின் பெயரும் நில அளவை எண்ணும், நகராட்சியின் பங்குத்தொகை எங்கிருந்து வரும் என்பது, ஐந்து வருடப் பராமரிப்பை யார் பார்ப்பார் என்பது. மூன்றாவதை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பகுதி சபையில் இதை முன்வைத்து மக்களின் கையெழுத்தோடு ஒரு குறிப்பு வாங்கி இணைத்தால் கோப்புக்குக் கனம் கூடும். அந்தத் தெருப் பெண்கள் சொல்லும் தண்ணீர் மட்டம் எந்த வரைபடத்திலும் இருக்காது. "ரேஷன் கடைப் படிக்கட்டில் மூணாவது படி வரைக்கும் வந்துச்சு சார்" என்று ஓர் அம்மா என் உதவியாளரிடம் சொன்னதை வைத்துத்தான் எங்கள் மறுகால் மட்டத்தையே மாற்றினோம்.

பணம் வந்த பிறகு

அம்ருத்தில் மத்திய நிதி 20, 40, 40 என மூன்று தவணையாக வரும். முதல் தவணையை எதற்குச் செலவழித்தோம் என்று காட்டும் பயன்பாட்டுச் சான்று போகாமல் இரண்டாவது வராது. அதனால் முடிந்த வேலையை அளந்து பதியும் அளவைப் புத்தகத்தை வாரா வாரம் எழுதுங்கள். வேலைக்கு முன், நடுவில், முடிந்த பின் என்று ஒரே இடத்தில் நின்று படம் எடுங்கள். நான் கரையில் ஒரு வேப்பமரத்துக்குக் கீழே ஆணி அடித்து வைத்திருந்தேன், எல்லாப் படமும் அங்கிருந்துதான்.

கடைசியாக, குளத்தின் படித்துறைச் சுவரில் பெயிண்டால் அளவுகோல் ஒன்று எழுதச் சொல்லுங்கள், பத்து செ.மீ.க்கு ஒரு கோடு. மழைக்காலத்தில் தினமும் காலை ஏழு மணிக்கு மட்டத்தை ஒரு நோட்டில் குறிக்க வார்டில் ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள். எங்கள் ஊருணியில் எதிர்வீட்டுப் பத்தாம் வகுப்புப் பையன் குறித்தான். அடுத்த குளத்துக்கு நிதி கேட்டபோது அந்த நோட்டின் நகலைத்தான் முதல் இணைப்பாக வைத்தேன்.