பைபாஸ் முடிஞ்சு மலைக்கு வந்தாச்சா? மூச்சுப் பயிற்சி எப்படி செய்றதுன்னு பாப்போம்

அப்பாவுக்கு இதயத்துல பைபாஸ் ஆபரேஷன் பண்ணி மதுரையிலருந்து கூட்டிட்டு வந்தப்போ டிஸ்சார்ஜ் சம்மரி, ஒரு பை நிறைய மாத்திரை, அப்புறம் உள்ள மூணு குட்டிப் பந்து (பால்) இருக்குற ஒரு பிளாஸ்டிக் மெஷின், இவ்ளோதான் கைல குடுத்தாங்க. வார்டுல பிசியோ (பிசியோதெரபிஸ்ட்) வந்து அஞ்சு நிமிஷம் சொல்லிக்குடுத்தாரு, அப்பா தலையாட்டுனாரு, நானும் சேர்ந்து தலையாட்டுனேன். கொடைக்கானல் மலைல எங்க ஊர் பூம்பாறை வந்து வீட்டுல உக்காந்து மெஷினை எடுத்தா மனுஷன் அதை ஊதிக்கிட்டு இருக்காரு! ரெண்டு நாளா பாலே மேல வரலை, மெஷின் ரிப்பேர்னு முடிவே பண்ணிட்டோம். அது ஊதுறதுக்கு இல்லங்க, உறிஞ்சுறதுக்கு. இளநீல ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுற மாதிரி. எங்க வீட்டு கூத்து உங்க வீட்டுலயும் நடக்க வேண்டாம்னுதான் எழுதுறேன், நான் டாக்டர் இல்ல, உங்க டாக்டரும் பிசியோவும் வேற மாதிரி சொல்லியிருந்தா அவங்க சொல்றதுதான் சரி.

முதல்ல எதுக்கு இதுன்னு புரிஞ்சுக்கணும், இல்லாட்டி ரெண்டு நாள்ல விட்டுருவாங்க. ஆபரேஷன்ல நெஞ்செலும்பை நடுவுல பிளந்து, வேலை முடிஞ்சதும் ஸ்டீல் கம்பியால இறுக்கிக் கட்டி விடுறாங்க. மயக்கத்துல வென்டிலேட்டர்ல படுத்திருக்குறப்போ நுரையீரலோட அடிப்பாகம் சரியா விரியாம சுருங்கிக்குது, சளியும் அங்கயே தேங்குது. முழிச்சதுக்கப்புறமாவது நல்லா மூச்சு இழுப்பாங்களான்னா அதுவும் இல்ல, வலிக்குப் பயந்து மேலோட்டமாவே விடுவாங்க, இருமல் வந்தா வாயை மூடி அடக்கிக்குவாங்க. "இருமுனா தையல் பிரிஞ்சிரும்டா"ன்னு எங்கப்பா ஒரு வாரம் இதையேதான் சொன்னாரு. அப்படி அடக்குற சளிதான் பின்னாடி நிமோனியாவுல கொண்டு போய் விடுது. நெஞ்சை அணைச்சுப் பிடிச்சுக்கிட்டு இருமுனா கம்பி கட்டுன எலும்புக்கு ஒண்ணும் ஆகாதுன்னு பிசியோ மறுபடி போன்ல சொன்னதுக்கப்புறம்தான் நம்புனாரு.

அதனால மொத சாமான் ஒரு தலகாணி. ரொம்ப மெத்துனு இருக்கக்கூடாது, கொஞ்சம் கெட்டியா, நெஞ்சு அகலத்துக்கு. தலகாணி இல்லன்னா பெரிய துண்டை நாலா மடிச்சு சுருட்டிக்கலாம். இது ஆள் போற எடமெல்லாம் கூடவே போகணும். மலை ஏறி வர்றப்பவே தேவைப்படும், காமக்காபட்டி தாண்டி வளைவு ஆரம்பிச்சதும் உடம்பு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சாயும், கை தானா மேல இருக்குற பிடியைப் பிடிச்சு இழுக்கப் பாக்கும், அது கூடவே கூடாது. பின்சீட்டுல உக்கார வச்சு நெஞ்சுக்கும் பெல்ட்டுக்கும் நடுவுல தலகாணியை வச்சிருங்க, டிரைவர்கிட்ட மெதுவா போகச் சொல்லுங்க, நடுவுல ரெண்டு எடத்துல நிறுத்தி ஆளை இறக்கி காலை நீட்டி நடக்க விடுங்க.

சரி, பயிற்சிக்கு வருவோம். வலி மாத்திரை போட்டு ஒரு அரைமணி, முக்கால் மணி கழிச்சு ஆரம்பிச்சா ஆள் நல்லா ஒத்துழைப்பாரு. வயிறு முட்ட சாப்பிட்ட உடனே வேண்டாம். படுத்துக்கிட்டும் வேண்டாம், முதுகு சாயுற மாதிரி ஒரு நாற்காலி, ரெண்டு பாதமும் தரையில, தோளைத் தளர்த்தி விடணும்.

ஸ்டெப் 1, வயித்து மூச்சு. ஒரு கையை நெஞ்சு மேலயும் இன்னொரு கையைத் தொப்புளுக்குக் கொஞ்சம் மேலயும் வச்சுக்கச் சொல்லுங்க. மூக்கு வழியா மெதுவா இழுக்குறப்போ கீழ இருக்குற கை மேல எழும்பணும், நெஞ்சு மேல இருக்குற கை பெருசா அசையக்கூடாது. வாய் வழியா மெதுவா விடணும். நாலஞ்சு தடவை போதும். மொத நாள் வயிறு அசையவே அசையாது, பரவாயில்ல, கைக்குழந்தை தூங்குறப்போ வயிறு ஏறி இறங்குமே அதைக் காட்டுனேன், அப்புறம் டக்குனு புரிஞ்சுக்கிட்டாரு.

ஸ்டெப் 2, அதே மூச்சை ஆழமா இழுத்து மேல ரெண்டு மூணு செகண்ட் நிறுத்தி, மெதுவா விடணும். அவ்ளோதான். மூணு செகண்டுக்கு மேல தம் கட்டச் சொல்லாதீங்க.

ஸ்டெப் 3, அந்த மெஷின். ஸ்பைரோமீட்டர்னு பேரு. மூணு பாலுக்கும் பக்கத்துல 600, 900, 1200னு போட்டிருக்கும், அது ஒரு செகண்டுக்கு எவ்ளோ சிசி காத்து இழுக்குறீங்கங்கறது. மெஷினை நேரா நிமித்திப் பிடிக்கணும், சாய்ச்சா பால் சும்மாவே ஏறிரும், எங்கப்பா அந்தக் கள்ளத்தனமும் பண்ணிப் பாத்தாரு. மொதல்ல மூச்சை சாதாரணமா முழுசா வெளிய விட்டுட்டு, குழாயை உதட்டால இறுக்கமா கவ்விக்கிட்டு, மெதுவா உறிஞ்சணும். இங்கதான் எல்லாரும் தப்பு பண்றாங்க, மூணு பாலையும் ஒரே இழுப்புல வெடுக்குனு தூக்கிட்டு ஜெயிச்சுட்டேன்னு நினைக்கிறாங்க. அதுல காத்து அடி வரைக்கும் போகாது. மொத பாலைத் தூக்கி மேலயே ரெண்டு மூணு செகண்ட் நிக்க வச்சா அதுதான் கெட்டிக்காரத்தனம், ரெண்டாவது மூணாவது பாலெல்லாம் நாள் போகப் போகத் தானா வரும். வாயை எடுத்துட்டு மெதுவா விடுங்க, ரெண்டு சாதாரண மூச்சு விட்டு ரெஸ்ட் எடுத்துட்டு அடுத்தது. முழிச்சிருக்குற நேரத்துல மணிக்கு 10 தடவைன்னு எங்களுக்கு சொன்னாங்க. மணி பாத்து ஞாபகம் வச்சுக்குறது நடக்காத காரியம், அதனால டிவி சீரியல்ல விளம்பரம் போட்டா மெஷினை எடுக்கணும்னு வீட்டுல சட்டம் போட்டோம், அது நல்லா வேலை செஞ்சுது. தலை சுத்துனாலோ விரல் நுனி மரத்தாலோ வேகமா பண்றாங்கன்னு அர்த்தம், நிறுத்திட்டு சாதாரணமா மூச்சு விடச் சொல்லுங்க. வாய் வைக்கிற குழாயை தினமும் சோப்புத் தண்ணில கழுவிக் காய வைங்க, பேரப்புள்ளைங்க விளையாட எடுக்காம பாத்துக்கங்க.

ஸ்டெப் 4, சளியை வெளிய எடுக்குறது, முக்கியமானது இதுதான். மேல சொன்ன ஆழமான மூச்சு மூணு நாலு எடுத்துட்டு, தலகாணியை நெஞ்சோட சேத்து ரெண்டு கையாலயும் இறுக்கி அணைச்சுக்கணும். கொஞ்சம் முன்னாடி குனிஞ்சு, வாயைத் தொறந்து "ஹா"ன்னு காத்தைத் தள்ளணும், மூக்குக் கண்ணாடி துடைக்கிறப்போ ஊதுவோமே அந்த மாதிரி, தொண்டையால இல்ல, வயித்தால. ரெண்டு தடவை ஹா சொன்னா சளி மேல ஏறி வந்துரும், அப்போ ஒரு இருமல் இருமித் துப்பிரணும். முழுங்க வேண்டாம், கலரைப் பாக்கணும். சும்மா வறட்டு இருமலா இருமிக்கிட்டே இருந்தா வலிதான் மிச்சம்.

ஸ்டெப் 5 நடக்குறப்போ. மூக்கால ரெண்டு எண்ணுற வரைக்கும் இழுத்து, விசில் அடிக்கிற மாதிரி உதட்டைக் குவிச்சு நாலு எண்ணுற வரைக்கும் விடணும். படி ஏறுறப்போ கால் தூக்குற நேரத்துல மூச்சை வெளிய விடணும், அடக்கக்கூடாது. பாத்ரூம்லயும் இதேதான், மூச்சைப் பிடிச்சு முக்கவே கூடாது, மலச்சிக்கல் இருந்தா வெக்கப்படாம டாக்டர்கிட்ட மருந்து கேளுங்க.

இனி நம்ம மலைக்குன்னு சில விஷயம். கொடைக்கானல் கிட்டத்தட்ட 2,100 மீட்டர் உயரம். காத்துல ஆக்சிஜன் பங்கு இங்கயும் அதே 21 சதவீதம்தான், ஆனா அழுத்தம் குறைவு, அதனால ஒவ்வொரு மூச்சுலயும் கீழ கிடைக்கிறதைவிட அஞ்சுல ஒரு பங்கு கம்மியாதான் கிடைக்கும். மதுரையில ஆக்சிஜன் அளவு பாக்குற விரல் மெஷின்ல 98 காட்டுன அப்பாவுக்கு வீட்டுல 94 காட்டுச்சு, ராத்திரியெல்லாம் நான் தூங்கலை. போன் பண்ணி கேட்டப்போ உயரத்துக்கு அது சாதாரணம்னு சொல்லிட்டு, 90க்குக் கீழ வந்தா உடனே கெளம்புங்கன்னாரு டாக்டர். உங்க ஆளுக்கு எந்த நம்பர்னு டிஸ்சார்ஜ் அன்னைக்கே கேட்டு எழுதி வாங்கிருங்க, மலைல இருக்கோம்னும் சொல்லுங்க.

விடியக்காலைல எந்திரிச்சு பனியில பயிற்சி வேண்டவே வேண்டாம். குளிர்ந்த காத்து உள்ள போனா இருமல் பிச்சுக்கும், வெயில் வந்து ஒம்பது பத்து மணிக்கு மேல, காதையும் வாயையும் மஃப்ளரால சுத்திக்கிட்டு. நடக்குறதுக்கு சமதரை தேடுங்க, ஊர்ல இருக்குற சந்து எல்லாமே ஏத்தம், எங்கப்பாவை வீட்டு முன்னாடி களத்துலயே சுத்தி நடக்க விட்டோம், ஒரு மாசம் கழிச்சு கொடைக்கானல் ஏரிக்குக் கூட்டிட்டுப் போனோம். ஏரியைச் சுத்தி 5 கிலோமீட்டர், அதுல கால்வாசி கூட மொத நாள் போகலை, பெஞ்ச் பாத்து உக்காந்துட்டாரு.

புகைதான் எங்களுக்குப் பெரிய தலவலி. பூண்டுக் கட்டைத் தொங்க விட்டு புகை போடுறது, வெந்நீருக்கு விறகு, குளிருக்கு கரி போட்டு கணப்பு. மூணையும் அவர் படுக்குற பக்கத்துலருந்து மாத்திட்டோம். மூடுன ரூம்ல கரி கணப்பு வச்சா யாருக்குமே ஆபத்து, அந்தப் புகைல இருக்குற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, தூக்கத்துலயே ஆள் போயிருவாங்க. தைலம் போட்டு ஆவி பிடிக்கணும்னு அப்பா அடம் பிடிச்சாரு, ஒரு தடவை குடுத்தோம், அந்தக் காட்டத்துக்கு இருமல் நிக்கவே இல்ல, அதோட விட்டாச்சு.

பாக்க வர்ற சொந்தக்காரங்க சொல்ற யோசனையையும் வடிகட்டுங்க. பலூன் ஊது, சங்கு ஊதுன்னு பெரியப்பா சொன்னாரு. நமக்கு வேண்டியது உள்ள இழுக்குறது, அழுத்தி ஊதுறது நெஞ்சுக்கு வீண் சிரமம். கபாலபாதி, பஸ்திரிகா மாதிரி வேகமான பிராணாயாமமும் டாக்டர் சரின்னு சொல்ற வரைக்கும் வேண்டாம், பத்து வருஷமா பண்றவரா இருந்தாலும். எலும்பு கூடவே ஆறுலருந்து எட்டு வாரம், நல்லா கெட்டியாக மூணு மாசம் ஆகும், அதுவரைக்கும் பூண்டு மூட்டை என்ன, ரெண்டு மூணு கிலோவுக்கு மேல எதையும் தூக்க விடாதீங்க. கட்டில்லருந்து எந்திரிக்கிறப்பவும் கையை ஊனி எந்திரிக்கக்கூடாது, ஒருக்களிச்சுத் திரும்பி, காலை முதல்ல கீழ இறக்கி, தலகாணியைக் கட்டிக்கிட்டே எந்திரிக்கணும்.

இதையெல்லாம் தாண்டி, சும்மா உக்காந்திருக்குறப்பவே மூச்சு வாங்குறது, 100.4 டிகிரிக்கு மேல காய்ச்சல், சளி மஞ்சளா பச்சையா இல்ல ரத்தத்தோட வர்றது, இருமுறப்போ நெஞ்செலும்புல டிக் டிக்னு சத்தம், தையல்ல சீழ், ஒரே நாள்ல ஒரு கிலோவுக்கு மேல எடை ஏறி கால் வீங்குறது, இதுல எது வந்தாலும் பயிற்சியை ஓரங்கட்டிட்டு ஆஸ்பத்திரிக்கு போன் போடுங்க. நெஞ்சுவலி, மயக்கம், உதடு நீலமாகுறதுன்னா யோசிக்கவே வேண்டாம், 108. நேரா மதுரைக்கு வண்டியைத் திருப்பாதீங்க, மலை இறங்கவே ரெண்டு மணி நேரம் ஓடிரும், கொடைக்கானல்ல பக்கத்துல இருக்குற ஆஸ்பத்திரில முதல்ல காட்டிட்டு அங்கருந்து போங்க. டிஸ்சார்ஜ் சம்மரியை ஒரு பிளாஸ்டிக் கவர்ல போட்டு கதவு பக்கத்துல ஆணில மாட்டி வைங்க, நாங்க அப்படித்தான் வச்சிருக்கோம், தலகாணியும் அதுக்குக் கீழதான் இருக்கு.