சோலோ வாசிக்காத கிடார்காரரைக் கேட்பது எப்படி

உலகின் தலைசிறந்த கிடார் கலைஞர்கள் என்று யார் பட்டியல் போட்டாலும் ஹெண்ட்ரிக்ஸ், கிளாப்டன், ஜிம்மி பேஜ் என்று அதே பெயர்கள்தான் முன்னும் பின்னுமாக இடம் மாறி வரும். அவர்களைக் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. ஆனால் அந்தப் பட்டியல்கள் அளப்பது பெரும்பாலும் சோலோவை, அதாவது கிடார் தனியாக முன்னால் வந்து வாசிக்கும் பகுதியை, மட்டும்தான். மூன்று நிமிடப் பாட்டில் சோலோ இருபது முப்பது நொடி வரும், பல பாட்டுகளில் அதுவும் இருக்காது. மிச்ச நேரம் முழுக்கப் பாடகருக்குக் கீழே இருந்து பாட்டைத் தாங்குகிற கிடார்காரர் யார் என்று கேட்டால், கிடார் கற்றுக்கொள்கிறவர்களே முழிக்கிறார்கள். என்னைக் கேட்டால், கிடைத்ததைவிட அதிகப் பாராட்டு போய்ச் சேர வேண்டியது இந்த ரிதம் கிடார்காரர்களுக்குத்தான். பாராட்ட வேண்டுமென்றால் முதலில் அவர்கள் வாசிப்பது காதில் விழ வேண்டும். அது தானாக விழாது, ஏனென்றால் தனியாகத் துருத்திக்கொண்டு தெரியாதபடி வாசிப்பதுதான் அவர்களில் பலருடைய திறமையே. அதற்குக் காதைப் பழக்கும் வழிதான் கீழே இருப்பது. கிடார் வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தெரிந்தவர்களுக்குக் கூடவே கொஞ்சம் கைவேலையும் இருக்கிறது.

முதலில் போன் ஸ்பீக்கரை விட்டுவிடுங்கள். இருநூறு ரூபாய் இயர்போன் போதும், ஆனால் இடது வலது இரண்டும் சரியாக வேலை செய்ய வேண்டும். பாட்டை ஒருமுறை முழுசாகக் கேளுங்கள். அப்புறம் ஒரு காதை மட்டும் கழற்றிவிட்டு மறுபடி கேளுங்கள், பிறகு காதை மாற்றிக் கேளுங்கள். ஸ்டீரியோவில் பதிந்த பாட்டு என்றால், குறிப்பாக 1960களின் பாட்டு என்றால், டிரம்ஸ் ஒரு பக்கம் குரல் ஒரு பக்கம் என்று பிரித்தே வைத்திருப்பார்கள், கிடாரும் ஏதோ ஒரு பக்கத்தில் ஒதுங்கியிருக்கும். அந்தக் காலப் பாட்டுகள் பலவற்றுக்கு மோனோ, ஸ்டீரியோ என்று இரண்டு வடிவமும் கிடைக்கும். இந்தப் பயிற்சிக்கு ஸ்டீரியோவைத் தேடி எடுங்கள்.

ஆரம்பிக்க நல்ல பாட்டு, டெம்ப்டேஷன்ஸ் குழு பாடி 1964 இல் வந்த 'மை கேர்ள்'. முதலில் ஜேம்ஸ் ஜேமர்சனின் பேஸ் கிடார் தனியாகத் தட்டும், அதன்மேல் ஒரு கிடார் படியேறுகிற மாதிரி மேலே போகும். அந்த ஏற்றம் வாசித்தவர் ராபர்ட் வொயிட். நமக்கு அதை அடையாளம் காண ஒரு சுலபமான வழி இருக்கிறது: அவர் வாசிப்பது மோகனத்தின் அதே ஐந்து சுரங்களை, ச ரி க ப த, மேல் சட்ஜம் வரை வரிசையாக. கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டு) மாறியதும் அதே ஏற்றத்தை அந்தப் புதிய இடத்திலிருந்து ஆரம்பிக்கிறார், அவ்வளவுதான். இவ்வளவு எளிமையான ஒன்றை உலகம் அறுபது வருடமாக முணுமுணுத்துக்கொண்டிருக்கிறது, வாசித்தவர் பெயரைச் சொல்லச் சொன்னால் பாட்டை விரும்புகிறவர்களில் நூற்றுக்கு ஒருவருக்குத் தெரிந்தால் அதிகம்.

டெட்ராய்ட்டில், 'மை கேர்ள்' பாட்டை வெளியிட்ட மோடவுன் என்கிற இசைத்தட்டு கம்பெனியின் ஸ்டூடியோவில் ஃபங்க் பிரதர்ஸ் என்கிற குழு வாசித்தது. அதில் பெரும்பாலும் மூன்று கிடார்காரர்கள்: ராபர்ட் வொயிட், எடி வில்லிஸ், ஜோ மெசினா. மூன்று பேர் ஒரே நேரத்தில் வாசித்தும் ஒருவர்மேல் ஒருவர் விழாமல் இருப்பதுதான் கவனிக்க வேண்டிய விஷயம். இங்கே இரண்டாவது பயிற்சி வருகிறது. காலால் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணிக்கொண்டே கேளுங்கள். இரண்டிலும் நான்கிலும் ஸ்நேர் டிரம் அடிக்கும். அந்த அடியோடு ஒட்டிக்கொண்டு 'சக்' என்று ஒரு குட்டிக் கார்ட் கேட்கிறதா? அது மெசினாவின் வேலை. ஸ்நேரின் சத்தம் என்றே பலரும் நினைத்திருப்பதில் பாதி கிடார். ஒருமுறை காதில் பிரிந்துவிட்டால் அப்புறம் எந்த மோடவுன் பாட்டிலும் உங்களால் அதைக் கேட்காமல் இருக்க முடியாது.

இவர்கள் பெயர் ஏன் தெரியவில்லை என்பதற்கு ரொம்ப நேரடியான காரணம் உண்டு. 1971 இல் பாடகர் மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' வரும்வரை மோடவுன் ஆல்பங்களின் அட்டையில் வாசித்தவர்கள் பெயரைப் போடுவது வழக்கமில்லை. அடுத்த வருடம் கம்பெனி லாஸ் ஏஞ்சலஸுக்கு இடம் மாறியது, குழுவில் பெரும்பாலானவர்கள் டெட்ராய்ட்டிலேயே விடப்பட்டார்கள். ராபர்ட் வொயிட் 1994 இல் இறந்தார். இந்தக் குழுவைப் பற்றிய ஆவணப்படம் 2002 இல்தான் வந்தது, கிராமி வாழ்நாள் சாதனை விருது 2004 இல். எல்லாம் நடந்தது, அவர் போன பிறகு. எனக்கு இதில் இன்னமும் கோபம் உண்டு.

சரி, மூன்றாவது பயிற்சி: பாடகர் மூச்சு விடும் இடங்களைக் கவனிப்பது. ஓட்டிஸ் ரெட்டிங்கின் 'டாக் ஆஃப் தி பே' பாட்டை எடுங்கள். அவர் ஒரு வரி பாடி நிறுத்துகிற இடத்தில் மட்டும் ஒரு கிடார் இரண்டு மூன்று சுரம் பேசிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். குரல் வந்ததும் கிடார் அடங்கிவிடும். வாசித்தவர் ஸ்டீவ் கிராப்பர், மெம்ஃபிஸில் ஒரு பழைய சினிமா தியேட்டரை மாற்றிக் கட்டிய ஸ்டாக்ஸ் ஸ்டூடியோவின் கிடார்காரர். பாட்டை ஓட்டிஸோடு சேர்ந்து எழுதியவரும் அவரே. 1967 டிசம்பர் 10 அன்று விமான விபத்தில் ஓட்டிஸ் இறந்தார். பதிந்து அதிக நாள் ஆகாத அந்தப் பாட்டை உட்கார்ந்து முடித்துக்கொடுத்தது கிராப்பர். நண்பர் இறந்த துக்கத்தோடு ஒரு மனிதர் கைவைத்த பாட்டு அது என்று தெரிந்துகொண்டு கேட்டுப் பாருங்கள், அவர் எந்த இடத்திலும் தன் கிடாரைத் தூக்கிக் காட்டவில்லை என்பது அப்போதுதான் உறைக்கும். இன்னொன்று, சாம் அண்ட் டேவ் பாடிய 'சோல் மேன்' பாட்டின் நடுவே "பிளே இட், ஸ்டீவ்!" என்று ஒரு கூச்சல் வரும். அந்த ஸ்டீவ் இவர்தான். பெயரைப் பாட்டுக்குள்ளேயே கத்திச் சொல்லியும் யாரும் தேடிப் போகவில்லை.

கிடார் கையில் வைத்திருப்பவர்களுக்கு இப்போது வேலை. பாடகர் ஜேம்ஸ் பிரவுனின் குழுவில் 1965 இல் சேர்ந்த ஜிம்மி நோலன் அந்த வருடமே 'பாப்பாஸ் காட் எ பிராண்ட் நியூ பேக்' பாட்டில் வாசித்தார். நடுவில் கொஞ்ச காலம் தவிர 1983 இல் இறக்கும்வரை அந்தக் குழுவில்தான் இருந்தார். ஃபங்க் கிடார் என்று இன்று நாம் சொல்வதில் பெரும்பகுதி அவர் கையிலிருந்து வந்தது. அவருடைய பாணிக்கு 'சிக்கன் ஸ்கிராட்ச்' என்று பெயர். செய்து பாருங்கள்: மெல்லிய மூன்று நான்கு கம்பிகளில் ஒரு நைன்த் கார்ட் பிடியுங்கள். வலது கை நிற்காமல் பதினாறாம் பங்குகளாக, ஒரு பீட்டுக்கு நான்கு என்று, பிரிட்ஜுக்கு நெருக்கமாக மேலும் கீழும் ஓடிக்கொண்டே இருக்கட்டும். இடது கையை அழுத்தினால் சுரம், தளர்த்தினால் வெறும் 'சிக்' சத்தம். தளர்த்தும்போது விரலைக் கம்பியிலிருந்து எடுக்கக் கூடாது, கம்பியைத் தொட்டபடியே இருக்க வேண்டும், எடுத்தால் திறந்த கம்பி முழங்கி எல்லாம் கெட்டுவிடும். நான்கில் எதை அழுத்துவது எதைத் தளர்த்துவது என்பதில்தான் தாளமே இருக்கிறது. மெட்ரோனோமை 80 இல் வைத்து, முதலில் ஒரே ஒரு அடியை மட்டும் அழுத்திப் பழகுங்கள். ஐந்து நிமிடம் நிற்காமல் வாசித்தால் மணிக்கட்டு கெஞ்ச ஆரம்பிக்கும். நோலன் இதை மேடையில் இரவு முழுக்கச் செய்தார், பின்னால் டிரம்மர் மாறினாலும் முன்னால் ஜேம்ஸ் பிரவுன் எந்த நொடியில் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னாலும் அசையாமல்.

காதுக்கு எல்லாரையும்விடக் கஷ்டமானவர் ஃபிரெடி கிரீன். அவரைக் கடைசியில் கேட்கச் சொல்லலாம் என்றிருந்தேன், ஆனால் இந்த விஷயத்தில் எனக்கு மிகப் பிடித்தவர் அவர்தான், அதனால் சீக்கிரமே சொல்லிவிடுகிறேன். கவுன்ட் பேசியின் ஜாஸ் குழுவில் 1937 இல் சேர்ந்தார், 1987 இல் இறக்கும்வரை அதே குழு. ஐம்பது வருடம்! பேசி 1984 இல் இறந்த பிறகும் அவர் விலகவில்லை. சாக்ஸ், டிரம்பெட், டிராம்போன் என்று ஒரு படையே ஊதுகிற குழுவில், ஆம்ப் (ஒலிபெருக்கி) இல்லாத ஒரு கிடாரை மடியில் சாய்த்துவைத்துக்கொண்டு, ஒரு தாளச் சுற்றுக்கு நான்கு அடி, நான்கும் ஒரே சீராக. சோலோ அநேகமாகக் கிடையாது. சத்தம் எடுபட வேண்டும் என்பதற்காகக் கம்பிகளை ஃப்ரெட்போர்டிலிருந்து ரொம்ப உயரத்தில் வைத்திருந்தார், சாதாரணமாக வாசிப்பவர்களால் அதை அழுத்தவே முடியாது. பல நேரம் கார்ட் வடிவத்தைப் பிடித்துக்கொண்டு அதில் ஒரே ஒரு கம்பியை மட்டும் ஒலிக்கவிட்டு மற்றதையெல்லாம் அமுக்கிவிடுவார்.

அவரைக் கேட்க 'லில் டார்லின்' எடுங்கள், 1957 இல் பதிந்தது, மிக மெதுவான நடை, அதனால் இடைவெளி நிறைய. கிடாரைத் தேடாதீர்கள், தேடினால் கிடைக்காது. பேஸைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பேஸ் சுரத்தின் தலையிலும் மெல்லிய மரச் சத்தம் மாதிரி ஒன்று ஒட்டியிருக்கும், அதுதான் அவர். கச்சேரியில் தம்புரா நின்றுபோனால்தான் அது இருந்ததே தெரியும் இல்லையா, கிரீன் அப்படித்தான். முதல் தடவையில் பிடிபடவில்லை என்றால் விட்டுவிட்டு மறுநாள் கேளுங்கள், களைத்த காதுக்கு அவர் அகப்பட மாட்டார்.

ராக் பிரியர்களுக்கு மால்கம் யங். ஏசி டிசி குழு என்றால் பள்ளிச் சீருடையில் துள்ளுகிற ஆங்கஸ்தான் எல்லார் கண்ணிலும் இருப்பார். 2017 இல் இறந்த அவருடைய அண்ணன் மால்கம் பின்னால் ஆம்ப் பக்கத்தில் நிற்பார், கோரஸ் பாட மைக் வரை வருவார், மறுபடி பின்னால் போய்விடுவார். 'பேக் இன் பிளாக்' ஆல்பத்தில், 1980, ஒரு காதில் அண்ணன் மறுகாதில் தம்பி. மேலே சொன்ன ஒற்றைக் காது வைத்தியத்துக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. எந்தப் பக்கம் சோலோ வரும்போதும் கலங்காமல் ரிஃப்பிலேயே (திரும்பத் திரும்ப வரும் கிடார் வரியிலேயே) நிற்கிறதோ அதுதான் மால்கம். தலைப்புப் பாட்டின் ரிஃப்பில் மூன்றே கார்ட், ஈ, டி, ஏ. அவற்றுக்கு நடுவில் இருக்கும் அமைதியைக் கவனியுங்கள், கம்பியை எவ்வளவு சுத்தமாக நிறுத்துகிறார் என்று. வீட்டில் இதை வாசித்துப் பார்க்கிறவர்கள் எல்லாரும் டிஸ்டார்ஷனை (கரகரப்பை) ஏற்றிவிடுவார்கள், உடனே அந்த அமைதி இரைச்சலால் நிரம்பிவிடும். மால்கம் செய்தது நேர் எதிர்: ஆம்பின் கெயினை (கரகரப்பைக் கூட்டும் திருகை) குறைத்து, கையால் ஓங்கி அடித்தார். மற்ற ராக்காரர்கள் 9, 10 கேஜ் என்று மெல்லிய கம்பி போடும்போது அவர் தடித்த 12 போட்டார், தன் கிரெட்ச் கிடாரில் ஒரே ஒரு பிக்கப்பை (கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் கருவியை) விட்டுவிட்டு மற்றவற்றைக் கழற்றிப் போட்டார். உங்கள் ஆம்பில் கெயினைப் பாதியாக்கிவிட்டு இந்த ரிஃப்பை வாசித்துப் பாருங்கள், உங்கள் வலது கை எங்கெல்லாம் சோம்பேறியாக இருந்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

காது பழகியதும் அடுத்த வேலை பெயர் தேடுவது. ஸ்ட்ரீமிங் ஆப்களில் பாட்டின் விவரத்தைத் திறந்தால் பாடகர், எழுதியவர், தயாரிப்பாளர் பெயர் இருக்கும், பழைய பாட்டுகளில் வாசித்தவர் பெயர் பல சமயம் இருக்காது. டிஸ்காக்ஸ் தளத்தில் பழைய இசைத்தட்டுகளின் அட்டைப் படங்களே இருக்கின்றன, பின்னட்டையைப் பெரிதாக்கிப் படியுங்கள். மறுபதிப்பு சிடிக்களோடு வரும் குட்டிப் புத்தகங்களும் நல்ல புதையல், முதல் பதிப்பில் விட்ட பெயர்களைப் பல சமயம் அங்கேதான் சேர்த்திருப்பார்கள். ஒரு பெயர் கிடைத்ததும் நம்பிவிடாதீர்கள். பாட்டு பதிந்த வருடமும் ஊரும் அந்த ஆள் அந்தக் குழுவில் இருந்த காலத்தோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். 1965 க்கு முந்தைய ஜேம்ஸ் பிரவுன் பாட்டுக்கு யாராவது நோலன் பெயரைப் போட்டிருந்தால் அங்கேயே சந்தேகப்படலாம்.

நம் ஊர்ப் பாட்டுக்கும் இதே தேடல்தான், கொஞ்சம் கூடுதல் சிரமம். கேசட் காலத்து அட்டையில் இசையமைப்பாளர், பாடகர்கள், பாடலாசிரியர், அதோடு முடிந்தது. இளையராஜாவிடம் நெடுங்காலம் கிடார் வாசித்த சதானந்தத்தின் பெயர் அவருடைய கிடாரைக் கேட்டு வளர்ந்தவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? ரகுமான் வாசித்தவர்களின் பெயர்களைச் சிடி அட்டையில் அச்சிட ஆரம்பித்தது எவ்வளவு பெரிய காரியம் என்பது இந்தத் தேடலில் இறங்கிய பிறகுதான் புரியும். பழைய பாட்டுகளுக்கு இசைக்கலைஞர்களின் பேட்டிகளைத் தேடிக் கேளுங்கள். அவர்கள் தங்களைப் பற்றிச் சொல்வதைவிடப் பக்கத்து நாற்காலிக்காரரைப் பற்றிச் சொல்லும் இடங்களில்தான் பெயர்கள் கொட்டும்.

இத்தனையும் செய்துவிட்டால், உங்களுக்குச் சொந்தமாகத் தேட ஒரு பெயர் தருகிறேன்: பெகி ஜோன்ஸ். 1957 இல் ராக் அண்ட் ரோல் கலைஞர் போ டிட்லியின் குழுவில் சேர்ந்து, பிறகு லேடி போ என்றே அறியப்பட்டவர். ஒரு பெண் ராக் குழுவில் கிடார் வாசிப்பதைப் பெரும்பாலானவர்கள் பார்த்திராத காலம் அது. போ டிட்லி என்றாலே தாளம், அந்தத் தாளத்தை இரண்டு கிடார்கள் சேர்ந்து நெய்கிற பாட்டுகளில் எது அவர் கை, எது இவர் கை என்று பிரித்துப் பாருங்கள். அந்தக் குழுவின் 1957 முதல் 60களின் தொடக்கம் வரையான பதிவுகளை வரிசையாக எடுத்துக்கொண்டு, பொறுமையாக ஆரம்பியுங்கள்.