வேலூரில் முதல் ஞாயிறு ரைடு: சனிக்கிழமை சாயங்காலத்திலிருந்து விரிஞ்சிபுரம் வரை

சைக்கிள் கிளப்பில் சேரலாமா என்று கேட்பவர்கள் அடுத்த மூச்சிலேயே "எந்த சைக்கிள் வாங்கலாம்?" என்று கேட்கிறார்கள். இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். பிளஸ் ஒன் படிக்கும்போது அரசாங்கம் கொடுத்த சைக்கிள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே நிற்கிறது என்றால் அதுவே போதும். கியர் சைக்கிள் இருக்கிறதா, அதைக் கொண்டு வாருங்கள். எங்கள் ஞாயிறு ரைடில் இரண்டும் ஒரே வரிசையில்தான் போகும், ஏனென்றால் கடைசியில் வருகிறவர் எந்த வேகத்தில் வருகிறாரோ அதுதான் எல்லோருடைய வேகமும். சேர்வதற்குக் கட்டணம் எதுவும் கிடையாது.

வரும் ஞாயிறு புதியவர்களுக்கான ரைடு. கோட்டை வாசலிலிருந்து விரிஞ்சிபுரம், போக மட்டும் ஏறக்குறைய 14 கிலோமீட்டர், மேடு என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. வர நினைப்பவர்கள் இந்த வரிசையில் தயாராகுங்கள்.

படி 1: சனிக்கிழமை சாயங்காலம் சைக்கிளைப் பாருங்கள்

முதலில் சீட். சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு ஏறி உட்காருங்கள், ஒரு பெடலை அடிமட்டத்துக்குக் கொண்டுவந்து குதிகாலை அதன்மேல் வையுங்கள். முழங்கால் நேராக நீண்டால் உயரம் சரி. மடங்கியிருந்தால் சீட்டை ஏற்றுங்கள், பெடலை எட்டுவதற்காக இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்தால் இறக்குங்கள். ஓட்டும்போது பாதத்தின் முன்பகுதியால்தான் மிதிப்பீர்கள், அப்போது முழங்கால் லேசாக மடங்கும், அந்த அளவு மடக்கம்தான் வேண்டும். நம் ஊரில் முக்கால்வாசிப் பேர் இரண்டு காலும் தரையில் பதியவேண்டும் என்று சீட்டைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு, நாலு கிலோமீட்டர் போனதும் முட்டி வலிக்கிறது, வயசாகிவிட்டது என்கிறார்கள். வயசு ஒன்றும் ஆகவில்லை, சீட்டை இரண்டு அங்குலம் ஏற்றினால் சரியாகிவிடும்.

அடுத்தது காற்று. எவ்வளவு அடிக்கவேண்டும் என்று டயரின் பக்கவாட்டிலேயே அச்சிட்டிருக்கும், கியர் சைக்கிள்காரர்கள் அதைப் பார்த்து அடியுங்கள். சாதா சைக்கிளில் வால் டியூப் (காற்று வெளியேறாமல் தடுக்கும் சின்ன ரப்பர் குழாய்) போட்ட வால்வு இருக்கும், அதில் மீட்டர் வைத்து அளப்பது கஷ்டம். கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், லேசாகக்கூட அமுங்காத அளவுக்கு இருந்தால் போதும். வால் டியூப் பழசாகி வெடித்திருந்தால் மாற்றிவிடுங்கள், சில்லறைக் காசுதான்.

பிரேக்கைப் பிடித்தால் லிவர் ஹேண்டில்பாரைத் தொடக்கூடாது. பிரேக் கட்டை ரிம்மில்தான் பிடிக்கவேண்டும், டயரில் உரசக்கூடாது. செயினைப் பழைய பனியன் துணியால் துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் சொட்டுச் சொட்டாக விட்டு, பெடலைப் பின்பக்கமாகச் சுற்றிவிட்டு, மேலே வழிவதை மறுபடி துடைத்துவிடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், தூசியை இழுத்து ஒட்டவைத்துக்கொள்ளும்.

படி 2: பையில் என்ன

தண்ணீர் ஒரு லிட்டர், வாழைப்பழம் இரண்டு, டிபனுக்குக் காசு, உங்கள் சக்கர அளவுக்கு ஒரு டியூப். ஹெல்மெட் இல்லாமல் வந்தால் சேர்த்துக்கொள்ள மாட்டோம், அதில் பேச்சே இல்லை. முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் வேண்டும், கிளம்பும்போது இருட்டு முழுதாக விலகியிருக்காது.

படி 3: காலை 5.30, கோட்டை வாசல்

அகழிக் கரையோரம் நிற்போம். 5.45க்குக் கிளம்பிவிடுவோம். இந்த நேரம் புரட்டாசிக்கு. கத்திரி வெயில் காலத்தில் இன்னும் முன்னாலேயே கிளம்பி எட்டு மணிக்குள் வீடு திரும்பிவிடுவோம், மே மாதத்தில் வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது உங்களுக்குத் தெரியாததா. வந்ததும் "நான் இன்றைக்குத்தான் முதல் தடவை" என்று யாரிடமாவது சொல்லுங்கள், வெட்கப்பட ஒன்றும் இல்லை. வீட்டில் ஒருவருடைய போன் நம்பரை எழுதி வாங்கிக்கொள்வார்கள், கொடுங்கள். ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவர்கள், காட்பாடிப் பக்கத்து காலேஜ் பசங்கள், மளிகைக் கடைக்காரர், ரிட்டயர்டு வாத்தியார் என்று எல்லோரும் இருப்பார்கள், ஆனால் சார், மேடம் எல்லாம் இங்கே கிடையாது, அண்ணா, அக்கா, தம்பி, பாப்பாதான்.

படி 4: ரோட்டில்

கொணவட்டம், மேல்மொணவூர், பொய்கை வழி. ஆறுவழிச் சாலைக்கு ஏறாமல் முடிந்தவரை சர்வீஸ் ரோட்டிலேயே போவோம், ஒருவர் பின்னால் ஒருவராக, இடது ஓரமாக. உங்கள் முன்சக்கரம் முன்னால் போகிறவரின் பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் நுழையக்கூடாது. அவர் சட்டென்று விலகினால் விழப்போவது அவர் இல்லை, நீங்கள். ஒரு சைக்கிள் நீளம் இடைவெளி விடுங்கள்.

முன்னால் போகிறவர் "குழி", "மணல்", "வண்டி வருது" என்று குரல் கொடுப்பார். அதைக் கேட்டதும் நீங்களும் அப்படியே பின்னால் இருப்பவருக்குச் சொல்லவேண்டும். குழி எந்தப் பக்கம் என்பதைக் கையைத் தாழ்த்திக் காட்டினால் இன்னும் நல்லது. நிற்கப்போகிறீர்கள் என்றால் "நிக்கறேன்" என்று கத்திவிட்டு மெதுவாக ஓரம் கட்டுங்கள். சர்வீஸ் ரோட்டில் ராங் ரூட்டில் வரும் பைக்குகள்தான் பெரிய தலைவலி, அவர்களிடம் நியாயம் பேச நிற்காதீர்கள். நாய் துரத்தினால் இறங்கி சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நடங்கள், பெரும்பாலும் அதுவே சலித்துப்போய்த் திரும்பிவிடும். காதில் ஹெட்போன் கூடாது.

பொய்கை மாட்டுச் சந்தை செவ்வாய்க்கிழமை. தனியாகப் பழகுகிறவர்கள் அன்றைக்கு அந்தப் பக்கம் போகாதீர்கள், மாடு ஏற்றிய வண்டிகளுக்கு நடுவே சைக்கிளுக்கு இடமே இருக்காது.

படி 5: விரிஞ்சிபுரம்

சேதுவாலையில் திரும்பி ஊருக்குள் போனால் மார்கபந்தீஸ்வரர் கோயில். "விரிஞ்சிபுரம் மதிலழகு" என்று சும்மா சொல்லவில்லை, அந்த மதிலை ஒட்டிச் சைக்கிளில் போகும்போது அதன் உயரமும் நீளமும் நன்றாகவே தெரியும். உள்ளே நேரம் காட்டும் கல் ஒன்று இருக்கிறது, அரைவட்டமாக எண்கள் செதுக்கியது. மேலே இருக்கும் பள்ளத்தில் ஒரு குச்சியை வைத்தால் நிழல் எந்த எண்ணில் விழுகிறதோ அதுதான் மணி. போன தடவை வந்த பள்ளிக்கூடப் பெண் ஒருத்தி ஐஸ் குச்சியை வைத்துப் பார்த்துவிட்டு, கைக்கடிகாரத்தைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோயிலுக்குள் போகிறவர்கள் பையில் ஒரு வேட்டியோ பேன்ட்டோ வைத்துக்கொள்ளுங்கள், அரை டிரவுசரோடு நிற்கவேண்டாம். கார்த்திகை மாதக் கடைசி ஞாயிறு மட்டும் நாங்கள் இங்கே வருவதில்லை. குழந்தை வரம் வேண்டிப் பெண்கள் சிம்மக் குளத்தில் நீராட வருகிற நாள் அது, கூட்டம் தாங்காது.

டிபன் நால்வர் ஐவராகச் சேர்ந்து, பில்லைப் பங்கிட்டு. இட்லி எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடுங்கள், வெண்பொங்கலை மட்டும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுங்கள், திரும்பும் வழியில் கண் சொக்கும். வரும்போது முதுகில் இருந்த வெயில் போகும்போது நேராக முகத்தில் அடிக்கும், கூலிங் கிளாஸ் இருந்தால் எடுத்து வாருங்கள்.

படி 6: அதற்கப்புறம்

அடுத்த ஞாயிறு ரைடு இல்லை, பஞ்சர் வகுப்பு. பழைய டியூப் ஒன்று கொண்டு வாருங்கள். பாலாற்றங்கரைப் பக்கம் சீமைக்கருவேல முள்தான் எமன். டியூபை மாற்றிவிட்டுக் காற்றடித்தால் பத்து நிமிடத்தில் மறுபடி பஞ்சர் ஆகும், ஏனென்றால் முள் டயருக்குள்ளேயே இருக்கும். அதனால் டயரின் உள்பக்கம் முழுக்க விரலால் மெதுவாகத் தடவி, நுனி தட்டுப்படும் இடத்தில் பிடுங்கிய பிறகுதான் புது டியூபைப் போடவேண்டும். வகுப்பில் எல்லோரும் இதைச் செய்தே ஆகவேண்டும், "கடையில கொடுத்துக்கலாம்" என்பது செல்லாது.

ஐப்பசி மழை பிடிப்பதற்குள் அமிர்தி போகிறோம். ஆரணி ரோட்டில் அடுக்கம்பாறை, கணியம்பாடி, அங்கிருந்து ஜவ்வாது மலை அடிவாரம், ஒரு பக்கம் சுமார் 25 கிலோமீட்டர். ஆம்பூர் பிரியாணி ரைடை புரட்டாசி காரணமாகத் தீபாவளிக்குப் பிறகு தள்ளிவைத்திருக்கிறோம். இதற்கு எதிர்ப்பு தெரிவித்தவர்கள் இருக்கிறார்கள், அவர்களுடைய வாதமும் நியாயமானதுதான்.

தை மாதம் ஏலகிரி. மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள், புலவர்கள் பெயரும் கடையெழு வள்ளல்கள் பெயரும் வைத்திருக்கிறார்கள். பாரி வளைவுக்கு வந்து சேர்வதற்குள் அவன் தேரைக் கொடுத்தது போல நாமும் சைக்கிளை அங்கேயே யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று தோன்றும். இதற்கு மட்டும் இரண்டு நிபந்தனை: அமிர்தி ரைடை முடித்திருக்கவேண்டும், பிரேக் கட்டை புதிதாக இருக்கவேண்டும், ஏனென்றால் ஏறுவதைவிட இறங்குவதில்தான் ஆபத்து. கியர் இல்லாதவர்கள் மார்கழிக்குள் சொல்லிவிடுங்கள், கிளப்பில் யாரிடமாவது இரவல் வாங்கித் தருகிறோம்.