வலிப்பு உள்ள நாலு பேர் சேர்ந்து உட்கார்வது எப்படி

பெரிய சங்கம், தலைவர், செயலாளர் எல்லாம் வேண்டாம். உங்கள் வயதை ஒட்டிய நாலைந்து பேர் போதும். எப்படிப் பிடிப்பது என்று கேட்டால், உங்கள் நரம்பியல் மருத்துவரிடமோ மருத்துவமனையில் இருக்கும் மருத்துவச் சமூக ஊழியரிடமோ "என் மாதிரி யாராவது பேச விரும்பினால் என் நம்பரைக் கொடுங்கள்" என்று சொல்லி வையுங்கள். மற்றவர் நம்பரை அவர்கள் தர மாட்டார்கள், தரவும் கூடாது.

இடம். முதலில் நாங்கள் இங்கே சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக் கீழ்த்தளத்துக் கல்மேசையில்தான் கூடினோம், காசு செலவில்லை, காற்றும் வரும், ஆனால் விழுந்தால் தலை நேராக அந்த முனையில்தான் போய் இடிக்கும் என்பது மூன்றாவது வாரம்தான் எங்களில் ஒருத்திக்கு உறைத்தது. இப்போது யாராவது ஒருவர் வீட்டு ஹாலில், தரையில் பாய் விரித்து. எம்ஆர்டி ரயில் நிலையத்துக்குப் பக்கத்து வீடாகப் பாருங்கள், நம்மில் பலர் வண்டி ஓட்டுவதில்லை. காலை பதினொரு மணி நல்ல நேரம். இரவு தேத்தாரிக் டீயோடு அரட்டை ஜாலிதான், ஆனால் தூக்கம் கெட்டால் வலிப்பு வரும் ஆட்களைக் கூட்டி வைத்து ஒரு மணி வரை பேசுவது கொஞ்சம் அபத்தம்.

முதல் சந்திப்பில் சொந்தக் கதை வேண்டாம், அதற்கு நிறைய நேரம் இருக்கிறது. ஒவ்வொருவரும் தனக்கு எப்படி வரும், எவ்வளவு நேரம், முடிந்தபின் என்ன வேண்டும் என்பதை மட்டும் சொல்லட்டும். எல்லோரும் விழுந்து துடிப்பதில்லை. எனக்கு வந்தால், கேட்ட கேள்விக்குப் பதில் வராது, உதட்டைச் சப்பிக்கொண்டு சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு இருப்பேன், ஒரு நிமிடத்தில் சரியாகிவிடும். அப்போது என் தோளைப் பிடித்து உலுக்கினால் எனக்குப் பிடிக்காது, பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும். இதைச் சொல்லாவிட்டால் அவர்களுக்கு எப்படித் தெரியும்?

விழுந்து துடிப்பவருக்கு: மேசை நாற்காலியை நகர்த்துங்கள், தலைக்கு அடியில் மெத்தென்று எதையாவது வையுங்கள், கடிகாரத்தைப் பாருங்கள். வெட்டு நின்றதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள், கை காலை அமுக்கிப் பிடிக்காதீர்கள். கையில் சாவிக்கொத்து கொடுப்பது வேண்டவே வேண்டாம். (என் பாட்டி கடைசிவரை தலையணைக்கு அடியில் ஓர் இரும்புச் சாவி வைத்திருந்தார், எனக்காக. எடுக்க மனசு வரவில்லை.) 5 நிமிடம் தாண்டினால், நினைவு திரும்புவதற்குள் மறுபடி வந்தால், அடிபட்டால், மூச்சு சீராகாவிட்டால் ஆம்புலன்சுக்கு 995ஐ அழையுங்கள். மற்றபடி எப்போது ஆம்புலன்ஸ் வேண்டும் என்பதை அவரவர் மருத்துவரைக் கேட்டு முன்னாலேயே பேசி வையுங்கள்.

மருந்து விஷயம்தான் சிக்கலானது. பேசுங்கள், ஆனால் அளவை ஒப்பிடாதீர்கள், மாத்திரையைக் கைமாற்றவே மாற்றாதீர்கள். ஒருவருக்கு ஒத்துக்கொண்ட கார்பமசெபின் என்ற வலிப்பு மருந்து இன்னொருவருக்குத் தோலே உரியும் அளவுக்கு ஒவ்வாமை தரலாம். அந்த ஒவ்வாமையோடு தொடர்புள்ள மரபணு வகை ஆசிய மக்களிடம் கூடுதலாக இருப்பதால், 2013லிருந்து சிங்கப்பூரில் அந்த மருந்தைப் புதிதாகத் தொடங்கும் முன் மரபணுப் பரிசோதனை செய்வது வழக்கம். ஆனால் பேசாமலே இருப்பதும் தப்பு. லெவெடிரசெட்டம் என்ற வலிப்பு மாத்திரை எடுக்க ஆரம்பித்த பிறகு நான் வீட்டில் எல்லோர் மீதும் எரிந்து விழுந்தேன், "உனக்குத் திமிர் ஏறிவிட்டது" என்றார் அம்மா, நானும் அப்படித்தான் நம்பினேன். எங்கள் குழுவில் ஒருவன் "எனக்கும் அப்படித்தான் இருந்தது, டாக்டரிடம் சொல்" என்றான். சொன்னேன். நானாக நிறுத்தவில்லை, திடீரென்று நிறுத்தினால் வலிப்பு இன்னும் மோசமாக வரும்.

கல்யாணப் பேச்சு கட்டாயம் வரும். பெண் பார்க்க வருகிறவர்களிடம் சொல்வதா மறைப்பதா என்று அரை நாள் ஓடும், அதில் முடிவு சொல்ல நீங்கள் யார்? காது கொடுத்துக் கேளுங்கள், போதும். ஒன்றை மட்டும் பெண்களிடம் தெளிவாகச் சொல்லுங்கள்: வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மருந்து எடுப்பவர்கள் கருத்தரிக்கும் முன்னரே மருத்துவரிடம் பேச வேண்டும், அது கருவைப் பாதிக்கும். காசு பற்றியும் பேசுங்கள். அரசின் நாட்பட்ட நோய்த் திட்டத்தில் வலிப்பும் இருப்பதால் மெடிசேவ் எனும் மருத்துவச் சேமிப்புக் கணக்கைப் பயன்படுத்தலாம் என்பது நிறையப் பேருக்குத் தெரிவதில்லை.

யாராவது "வாழவே பிடிக்கவில்லை" என்றால் ஆறுதல் சொல்லிக் கிளம்பிவிடாதீர்கள். கூடவே உட்கார்ந்து தற்கொலைத் தடுப்பு உதவி எண் 1767க்கு அழையுங்கள், 24 மணி நேரமும் எடுப்பார்கள்.

அப்புறம், கலைந்து போகும்போது ஒரு பழக்கம். வீட்டுக்குப் போனதும் ஆளுக்கு ஒரு வரி, "வந்துட்டேன்". ஒரு மணி நேரமாகியும் வரி வராவிட்டால் போன் போடுவது யார் என்பதைக் கதவருகில் செருப்பு மாட்டும்போதே முடிவு செய்துவிடுங்கள். பெரும்பாலும் ரயிலில் தூங்கிப்போயிருப்பார்கள்.