காட்டில் வழி தவறினால் நம் ஊர்க்காரர் செய்கிற தவறுகள்

பாலைப்பழம் பழுக்கத் தொடங்கினால் போதும், இலங்கையில் நம் திருகோணமலை மாவட்டத்துத் திரியாய், கோமரங்கடவல பக்கக் காடுகளுக்கு வாளியும் பையுமாக ஆட்கள் கிளம்பிவிடுவார்கள். விறகுக்கும் தேனுக்கும் போகிறவர்கள், பட்டி மாடு தேடிப் போகிறவர்கள் எல்லாம் காட்டோடு பழகியவர்கள், அவர்களுக்கு நான் சொல்ல ஒன்றும் இல்லை. டவுனிலிருந்து ஒரு லீவு நாளில் சும்மா போய்ப் பார்ப்போம் என்று கிளம்புகிறவர்களுக்குத்தான் இது. டிவியில் காட்டுகிற வித்தைகளை நம்பி உள்ளே போகாதீர்கள். அவை பெரும்பாலும் குளிர் நாட்டு மலைகளுக்கானவை. நம்முடையது தட்டையான, வறண்ட பற்றைக்காடு. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரி இருக்கும், ஏறிப் பார்க்க ஒரு மேடு கிடைப்பதே அபூர்வம்.

முதல் தவறு, வழி தவறியது தெரிந்த பிறகும் நடந்துகொண்டே இருப்பது. "இந்தா கிட்டத்தான் ரோடு" என்று மனசு சொல்லும், கால் தானாக வேகமெடுக்கும். 2009இல் ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் ஆய்வாளர்கள் ஆட்களைக் காடுகளிலும் பாலைவனத்திலும் நடக்கவிட்டு, போன தடத்தை ஜிபிஎஸ்ஸில் பதிந்து பார்த்தார்கள். சூரியன் தெரியாத நேரத்தில் நடந்தவர்கள் நேராகப் போகிறோம் என்று முழுதாக நம்பிக்கொண்டே வட்டமடித்திருக்கிறார்கள். அதனால் சந்தேகம் வந்த அந்த இடத்திலேயே நிழல் பார்த்து உட்காருங்கள், தண்ணீர் குடியுங்கள், கடைசியாக நிச்சயமாகத் தெரிந்த இடம் எது என்று யோசியுங்கள். போகத்தான் வேண்டும் என்றால் கண் உயரத்தில் கிளையை ஒடித்துத் தொங்கவிட்டபடி கொஞ்ச தூரம் போய்ப் பாருங்கள், தடம் பிடிபடாவிட்டால் அந்த அடையாளத்திலேயே திரும்பி வாருங்கள்.

சூரியனைப் பார்த்துத் திசை பிடிப்பதிலும் ஒரு கோளாறு உண்டு. காலையும் மாலையும் பிரச்சினை இல்லை, கிழக்கே போனால் கடல். ஆனால் உச்சிவெயிலில் மணிக்கூட்டு முள்ளை வைத்துத் தெற்கு கண்டுபிடிக்கிற முறை இங்கே வேலைக்காகாது. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் நமக்குச் சூரியன் நேராக உச்சந்தலைக்கு மேலே நிற்கும், இடைப்பட்ட மாதங்களில் நண்பகலில் வடக்குப் பக்கம் சாய்ந்திருக்கும். அந்த முறையை நம்பினால் வடக்கைத் தெற்கு என்று எடுத்துக்கொண்டு நடப்பீர்கள். பாலைப்பழம் பொறுக்கப் போகிற காலமும் அதுதான்.

அப்புறம் தண்ணீர். "ஓடையைப் பிடித்துக் கீழே போ, ஊர் வரும்" என்பார்கள். கச்சான் என்கிற வறண்ட தென்மேல் காற்று அடிக்கிற காலத்தில் நம் ஓடைகளில் மணல்தான் கிடக்கும், தரையும் சமதளம், எது மேல் எது கீழ் என்றே தெரியாது. குளம் கண்ணில் பட்டால் சந்தோஷப்படலாம், ஆனால் கட்டைப் பாருங்கள். துருசும் (மதகும்) வாய்க்காலும் உருப்படியாக இருந்தால் வாய்க்காலோடு போங்கள், வயல் வரும், வயலுக்கு ஆள் வரும். கட்டு உடைந்து, அதன் மேலேயே பெரிய மரங்கள் வளர்ந்து நின்றால் அது கைவிடப்பட்ட பழைய குளம். காட்டுக்குள் அப்படி நிறைய இருக்கின்றன. அங்கே தண்ணீர் எடுக்கலாம், ஆள் வருமென்று காத்திருப்பதில் பயனில்லை. எந்தக் குளமானாலும் பொழுது சாயும்போது கரையை விட்டு விலகிவிடுங்கள், அது யானை இறங்குகிற நேரம். கையில் இருக்கிற தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகச் சேமித்து மயங்கி விழுவதும் முட்டாள்தனம். தாகமெடுத்தால் குடியுங்கள், வெயிலில் நடக்காமல் வியர்வையை மிச்சம் பிடியுங்கள்.

பற்றைக்குள் கிழிபட்டு வந்தவனுக்கு, திடீரென்று அகலமாகத் துப்புரவாக ஒரு பாதை கிடைத்தால் கடவுளே காட்டிய வழி மாதிரி இருக்கும். கொஞ்சம் நின்று பாருங்கள். இலத்தி கிடக்கிறதா, மரத்தில் ஆள் உயரத்துக்கு மேலே சேறு தேய்த்திருக்கிறதா? அப்படியென்றால் அது யானைப்பாதை, அதில் படுத்துத் தூங்க நினைக்கவே வேண்டாம். சின்ன மிருகத் தடங்களில் வேறு ஆபத்து, பன்றிக்குக் கட்டுத்துவக்கு, அதாவது நூலில் கால் பட்டதும் வெடிக்கிற துப்பாக்கிப் பொறி, வைத்திருப்பார்கள், குறுக்கே ஓடுகிற அந்த நூல் இருட்டில் தெரியவே தெரியாது. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையைக் கண்டால் பேச்சே இல்லை, வந்த காலடியிலேயே திரும்புங்கள். மிதிவெடி விஷயத்தில் குறுக்கு வழி கிடையாது.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம், ஒரு நாள் இரண்டு நாள் பட்டினியால் உயிர் போகாது. தெரியாத பழத்தைத் தின்றால் போகலாம். எட்டி பழுத்தால் தோடம்பழம் போல மஞ்சளும் சிவப்புமாக அழகாகத்தான் தொங்கும், உள்ளே விதை கடும் விஷம்.

போனில் எல்லோரும் செய்கிற தவறு, சிக்னல் தேடித் தேடியே பட்டரியை முடிப்பது. சார்ஜ் நன்றாக இருக்கும்போதே பொலிஸ் அவசர எண் 119க்கும் வீட்டுக்கும் எடுங்கள், குரல் போகாத இடத்தில் சில நேரம் எஸ்எம்எஸ் போய்விடும். சிக்னல் இல்லாவிட்டாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும், மேப்பை முன்கூட்டியே இறக்கி வைத்திருந்தால் நீங்கள் நிற்கிற இடம் தெரியும். மற்ற நேரம் ஃபிளைட் மோடில் போடுங்கள். போனை டோர்ச்சாக்கிக்கொண்டு இரவில் நடக்காதீர்கள். ஆறரைக்கெல்லாம் இருட்டிவிடும், அதற்கு முன்பே படுக்க இடம் பார்த்து, சருகைக் கூட்டி ஒதுக்கிவிடுங்கள், பாம்பு இருந்தாலும் தெரியும், நெருப்பு மூட்டினாலும் பரவாது. தொண்டை கிழியக் கத்துவதை விட விசில் நல்லது, மும்மூன்று தடவையாக, விட்டுவிட்டு.

வீட்டில் இருக்கிறவர்கள் செய்கிற தவறும் ஒன்று இருக்கிறது. விடியட்டும் பார்ப்போம் என்று பொலிசுக்குச் சொல்லாமல் இருப்பார்கள், பிறகு பதற்றத்தில் ஊரே காட்டுக்குள் இறங்கும், தேடப்போனவரைத் தேட இன்னொரு கூட்டம் போகும். ரோட்டில் ஒரு லொறியை நிறுத்தி, கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை ஹோர்ன் அடித்து, இடையில் எஞ்சினை நிறுத்திக் காது கொடுங்கள். உள்ளே இருப்பவருக்கும் காதுதான் உதவும். விடியற்காலை காற்று அடங்கியிருக்கும்போது சத்தம் வெகுதூரம் வரும். கிண்ணியா, மூதூர்ப் பக்கம் என்றால் சுபஹ் பாங்கு, வேறு பக்கம் கோயில் பாட்டோ விகாரை ஒலிபெருக்கியோ கேட்கலாம். கேட்டவுடன் எழுந்து ஓடாமல், சத்தம் வருகிற திசைக்கு ஒரு தடியைத் தரையில் கிடத்தி வையுங்கள், வெளிச்சம் வந்த பிறகு அந்தத் தடி காட்டுகிற பக்கம் புறப்படலாம்.