தென்காசிப் பக்கம் குடியேற ஆசையா? முதலில் சித்திரையில் வந்து பாருங்கள்

குற்றாலத்தில் குளித்துவிட்டு ஊர் திரும்புகிறவர்கள் "பேசாம இங்கேயே ஒரு வீட்டைப் பிடிச்சு இருந்துரலாம்" என்று சொல்வதை அடிக்கடி கேட்கிறேன். நானும் அப்படிச் சொன்னவன்தான், சொன்னபடியே சென்னையிலிருந்து குடும்பத்தோடு வந்தும்விட்டேன். நாலு வருடம் ஆகிறது, திரும்பிப் போகும் எண்ணம் துளியும் இல்லை. ஆனால் வந்த முறை தப்பு. ஆனி மாதம், முகத்தில் சாரல் அடிக்க, மலை முழுக்க மேகம் மூடிக் கிடக்க, ஒரே நாளில் வீடு பார்த்து அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். அடுத்த சித்திரையில் அந்த வீட்டுக் கிணற்றில் அடிமண் தெரிந்தது. இரண்டு மாதம் லாரித் தண்ணீர் வாங்கினோம், அதற்கே சேமிப்பில் ஒரு பங்கு போனது.

அதனால் சீசனில் வீடு பார்க்காதீர்கள். சித்திரை வெயிலில் ஒரு வாரம், ஐப்பசி மழையில் ஒரு வாரம் வந்து தங்குங்கள். வெயிலில் தண்ணீர் தெரியும், மழையில் சுவரும் கூரையும் தெரியும். தண்ணீரைப் பற்றி வீட்டுக்காரரிடம் மட்டும் கேட்டால் போதாது, பக்கத்து வீட்டு அக்காவிடம் "பஞ்சாயத்துக் குழாய்ல எத்தனை நாளைக்கு ஒரு தடவை வருது, சித்திரைல எப்படி" என்று கேளுங்கள். சரியான பதில் அங்கேதான் கிடைக்கும்.

தென்காசி மாவட்டம் என்றதும் எல்லோருக்கும் அருவிதான் நினைவுக்கு வருகிறது. 2019 நவம்பரில் திருநெல்வேலியிலிருந்து பிரிந்த இந்த மாவட்டத்துக்குள்ளேயே இரண்டு மூன்று விதமான பருவம் இருக்கிறது. செங்கோட்டை, பண்பொழி, இலஞ்சி, குற்றாலம் பக்கம் ஆரியங்காவு கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று புகுந்து வருவதால் ஆனி ஆடியில் சாரலும் குளிருமாக இருக்கும். அங்கிருந்து கிழக்கே சுரண்டை, ஆலங்குளம், சங்கரன்கோவில் என்று போகப் போக அதே காற்று வறண்டு வீசும், காற்றாலை சுற்றும், மழை பெரும்பாலும் ஐப்பசி கார்த்திகையில்தான். கிழக்கே வாடகையும் நிலமும் மலிவு, தண்ணீர் சில ஊர்களில் உப்பு. மேற்கே பசுமை, கூடவே ஈரம், அட்டைப்பூச்சி, சனி ஞாயிறுகளில் சுற்றுலா வண்டி நெரிசல், கார்த்திகை பிறந்தால் ஐயப்ப பக்தர்கள் கூட்டம். என்னைக் கேட்டால் இரண்டுக்கும் நடுவே, பாவூர்சத்திரத்துக்கும் தென்காசிக்கும் இடைப்பட்ட கிராமங்களைப் பாருங்கள் என்பேன். பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தை பக்கத்தில் இருப்பது மாதச் செலவில் நன்றாகவே தெரியும்.

வீடு தேடுவதற்குச் செயலி எதுவும் பெரிதாக உதவாது. காலியாக இருக்கும் நல்ல வீடுகளில் பாதிக்கு மேல் சென்னையிலோ மும்பையிலோ வளைகுடாவிலோ இருக்கிறவர்களுடையவை, சாவி சித்தப்பா வீட்டிலோ எதிர்த்த கடை அண்ணாச்சியிடமோ இருக்கும். டீக்கடை, பால் ஊற்றுகிறவர், பலசரக்குக் கடை, இந்த மூன்று இடத்திலும் சொல்லி வையுங்கள். உங்கள் சொந்த ஊர் எது, என்ன வேலை, வீட்டில் யார் யார் என்று கேட்பார்கள். சிலர் சாதியும் கேட்பார்கள், அது எனக்கு இன்றைக்கும் கசப்பாகத்தான் இருக்கிறது. அதை வைத்து வீடு மறுக்கிற தெருவில் சாமர்த்தியமாகப் பேசி நுழைவதைவிட அடுத்த தெருவைப் பார்ப்பதே உங்கள் நிம்மதிக்கு நல்லது. நான் சென்னையில் 18,000 ரூபாய் வாடகை கொடுத்தேன், இங்கே முன்னும் பின்னும் இடம் விட்ட வீட்டுக்கு 7,000. அதே சமயம் பைக் இல்லாமல் முடியாது, டவுன் பஸ்ஸை விட்டால் அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டும், ஆகவே பெட்ரோலையும் கணக்கில் சேருங்கள்.

வீட்டிலிருந்தே கணினி வேலை பார்க்கிறவர் என்றால் ஊர் உங்களை விநோதமாகப் பார்க்காது. தென்காசி பக்கத்து மத்தளம்பாறையில் ஜோஹோ மென்பொருள் நிறுவனத்தின் அலுவலகம் இருப்பதால் அது பழகிய விஷயம். ஃபைபர் இணைப்பு அந்தத் தெருவுக்கு வந்திருக்கிறதா என்று அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் பாருங்கள், "ஒரு வாரத்துல வந்துரும்" என்ற பேச்சை நம்பி வராதீர்கள். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையில் போன மின்சாரம் மதியத்துக்கு மேல்தான் வரும், இன்வெர்ட்டர் கட்டாயம்.

வயதான அப்பா அம்மாவோடு வருகிறவர்கள் அருவிக்கு எவ்வளவு தூரம் என்று பார்க்க வேண்டாம், ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு தூரம் என்று பாருங்கள். தென்காசியில் மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனை இருக்கிறது. பெரிய சிகிச்சை என்றால் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் திருநெல்வேலி போக வேண்டும். இதயக் கோளாறு உள்ளவரை மலையடிவாரத் தோட்ட வீட்டில் தனியாக வைக்க வேண்டாம்.

அப்புறம் அமைதி. கிராமம் அமைதியானது என்பது உண்மை, கொடை என்று இங்கே சொல்லும் கோயில் திருவிழா நாட்கள் நீங்கலாக. சித்திரை, ஆடி மாதங்களில் ஒவ்வொரு கோயிலுக்கும் கொடை வரும், விடிய விடிய வில்லுப்பாட்டு, நையாண்டி மேளம், தெருமுனையில் ஒலிபெருக்கி. முதல் வருடம் தூங்க முடியாமல் யாரிடமாவது போய்ச் சொல்லலாமா என்று எழுந்தேன், என் மனைவி தடுத்துவிட்டாள். அடுத்த வருடம் கொடைக்கு வரி பிரிக்க வந்தவர்களிடம் "வாடகைக்கு இருக்கிறவங்களும் தரலாமா" என்று கேட்டுக் கொடுத்தேன், ராத்திரி இரண்டு மணிக்கு எங்கள் வீட்டுக்கும் சாமிக்குப் படைத்த படப்புச் சோறு வந்தது. அன்றிலிருந்துதான் நாங்கள் ஊருக்குள் இருக்கிறோம். நல்லது கெட்டது எதுவாக இருந்தாலும் போய் நில்லுங்கள், குறிப்பாகக் கெட்டதுக்கு. பத்து நிமிடம் திண்ணையில் உட்கார்ந்து வந்தால் போதும். பாம்பு புகுந்த இரவில் கம்போடு ஓடி வந்தது எதிர்வீட்டு அண்ணனும் அவர் மகனும்தான்.

குழந்தைகள் இருந்தால் பள்ளி வேன் உங்கள் ஊருக்குள் வருகிறதா என்று மட்டும் விசாரியுங்கள், பள்ளிகள் இருக்கின்றன.

நிலம் வாங்குவது ஒரு வருடம் வாடகைக்கு இருந்த பிறகு. வந்த மாதமே "சாமி, நல்ல இடம் ஒண்ணு இருக்கு" என்று தரகர்கள் வருவார்கள். பட்டா, சிட்டா, அ-பதிவேடு, நிலத்தின் அளவைக் காட்டும் புலப்படம் நான்கையும் இணையத்தில் நீங்களே எடுத்துப் பாருங்கள், முப்பது வருடத்துக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். கூட்டுப்பட்டா என்றால் எல்லாப் பங்காளிகளும் கையெழுத்துப் போடத் தயாரா என்று தெரியாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். வண்டிப்பாதை காகிதத்தில் இருக்கிறதா அல்லது பக்கத்து வயல்காரர் தயவில் நடக்கிற வரப்பா என்று பாருங்கள். நஞ்சையை வாங்கி வீடு கட்டிக்கொள்ளலாம் என்ற பேச்சை நம்ப வேண்டாம், லேசில் அனுமதி கிடைக்காது. அடிவாரத்தில் பல கிராமங்களுக்கு மலைப்பகுதிக் கட்டுப்பாடுகள் தனியாக உண்டு.

வடகரை, மேக்கரை, பண்பொழிப் பக்கம் யானை இறங்கித் தென்னையைச் சாய்த்துவிட்டுப் போகும். தரகர் அதைச் சொல்ல மாட்டார். இடத்துக்குத் தனியாக ஒரு சாயங்காலம் போய், அங்கே ஆடு மேய்க்கிறவரிடம் கேளுங்கள், எந்த வயலில் கார்த்திகையில் தண்ணீர் நிற்கும், யானை எந்த வழியாக இறங்கும், எந்தக் கிணறு எப்போது வற்றும் என்று எல்லாம் சொல்வார். வந்து பார்ப்பது ஒன்றும் கஷ்டமில்லை, சென்னையில் இரவு பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறினால் காலையில் தென்காசி, தீபாவளி பொங்கல் சமயம் தவிர்த்தால் டிக்கெட்டும் கிடைக்கும். சித்திரைக்கு முன்பதிவு திறந்ததும் போட்டுவிடுங்கள்.