மனநல மாத்திரை சாப்பிடுபவருக்குத் திடீர்க் குழப்பமா? வீட்டில் நாம் செய்யும் தவறுகள்

எங்கள் பெரியம்மா இருபது வருடத்துக்கு மேலாக லித்தியம் சாப்பிடுபவர். பைபோலார் என்கிறார்களே, மனம் உச்சத்துக்கும் சோர்வுக்கும் மாறி மாறிப் போகும் அந்த நோய்க்கு. மாத்திரையை வேளை தவறாமல் போட்டுக்கொண்டு, பால் கணக்கு, சீட்டுக் கணக்கு எல்லாம் தானே பார்த்துக்கொண்டு நன்றாகத்தான் இருந்தார். ஒரு மே மாதம் மூன்று நாள் வயிற்றுப்போக்கு வந்தது. நான்காம் நாள் காலையில் காபி டம்ளரைப் பிடித்த கை தடதடவென ஆடி, பாதிக் காபி புடவையில் கொட்டியது. அது சுட்டதுகூட அவருக்குத் தெரிந்ததாகத் தெரியவில்லை. மத்தியானம் என்னைப் பார்த்து, தன் தங்கை பெயரை, அதாவது என் அம்மா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். பேச்சு குழறியது. பாத்ரூமுக்கு எழுந்தவர் சுவரைப் பிடித்துத் தள்ளாடினார்.

"வயசாச்சு இல்ல, அறுபத்தெட்டு" என்றார் பெரியப்பா. "பழைய வியாதி திரும்பிடுச்சு" என்றான் அண்ணன். அண்ணன் சொன்னதே சரி என்று எல்லாருக்கும் பட்டது. அதனால் அன்று இரவு மாத்திரை தவறிவிடக் கூடாதே என்று நானே எண்ணி எடுத்து, வாயில் போட்டு, தண்ணீர் கொடுத்தேன். மறுநாள் ரத்தத்தில் லித்தியம் அளவு 2.1 என்று வந்தது. அது லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருப்பதுதான் வழக்கம். வயதானவர்களுக்கு அதைவிடக் குறைவாகவே வைப்பார்கள். 1.5-ஐத் தாண்டினாலே நஞ்சாக மாறத் தொடங்கும் மருந்து அது. நான் கையால் கொடுத்தது அதைத்தான்.

அன்றிலிருந்து இந்த விஷயத்தைத் தேடித் தேடிப் படித்தேன், மருத்துவர்களைக் கேட்டேன். மற்ற வீடுகளிலும் இதே தவறுகள் நடப்பதைப் பார்க்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

"வயசானா அப்படித்தான்"

வயதினால் வரும் மறதி, டிமென்ஷியா என்னும் மறதி நோய், இவையெல்லாம் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெல்ல வருபவை. போன வாரம் ரேஷன் கடைக்குத் தனியாகப் போய் வந்தவர் இந்த வாரம் கிழமை தெரியாமல் விழித்தால், அது வேறு விஷயம். டெலிரியம் என்று மருத்துவர்கள் சொல்லும் திடீர்க் குழப்பமாக இருக்கலாம். பெரும்பாலும் மூளைக்கு வெளியே எங்கோ ஒன்று கெட்டிருக்கிறது, அதன் புகை மூளையில் தெரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் அடையாளம், மணிக்கு மணி மாறுவது. காலையில் பேப்பர் படித்து அரசியல் பேசியவர், சாயங்காலம் தன் வீட்டுக் கட்டிலிலேயே உட்கார்ந்துகொண்டு "வீட்டுக்குப் போகலாம் வா" என்பார்.

வீட்டிலேயே ஒன்று செய்து பார்க்கலாம். கிழமைகளைப் பின்னாலிருந்து சொல்லச் சொல்லுங்கள்: ஞாயிறு, சனி, வெள்ளி என்று. டெலிரியத்தில் முதலில் போவது கவனம். இரண்டு கிழமை சொல்லிவிட்டு, என்ன கேட்டோம் என்பதையே மறந்துவிடுவார். இது நோயைக் கண்டுபிடிக்கும் சோதனை இல்லை. ஆனால் மருத்துவரிடம் போய்ச் சொல்ல உறுதியான ஒரு தகவல்.

எல்லாரும் கூச்சல் போட மாட்டார்கள் என்பதும் முக்கியம். சிலர் அமைதியாகிவிடுவார்கள். சாப்பிடக் கூப்பிட்டால் வருவதில்லை, பகலெல்லாம் தூக்கம், கேட்டால் ஒரு சொல்லில் பதில். "பாவம், இன்னைக்குத் தொந்தரவே இல்லை" என்று வீடு நிம்மதியாக இருக்கும். இந்த அமைதியான வகைதான் கவனிக்கப்படாமலே போகிறது.

தேதி கேட்காமல் இருப்பது

மருத்துவர் முன்னால் உட்கார்ந்ததும் "கொஞ்ச நாளா இப்படித்தான் இருக்காங்க" என்போம். கொஞ்ச நாள் என்றால் எத்தனை நாள்? அதற்கு முந்தைய இரண்டு வாரத்தில் எந்த மாத்திரை புதிதாகச் சேர்ந்தது, எதன் அளவு கூடியது, எது நின்றது? இந்த இரண்டு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினாலே பாதி விடை கிடைத்துவிடும்.

பெரியம்மா விஷயத்தில் எழுதிப் பார்த்தபோது தெரிந்தது இது. வயிற்றுப்போக்கு மூன்று நாள். அதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே மூட்டுவலிக்கு டைக்ளோஃபினாக், தானாகவே மெடிக்கல் ஷாப்பில் வாங்கியது. இரண்டு மாதம் முன்பு பி.பி. மாத்திரை மாற்றியிருந்தார்கள், புதியதில் நீர் பிரியும் மருந்தும் கலந்திருந்தது. மூன்றும் ஒரே திசையில் தள்ளுபவை. லித்தியம் ஒரு உப்பு, சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேற வேண்டும். உடம்பில் நீரும் உப்பும் குறைந்தால் சிறுநீரகம் சோடியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதோடு லித்தியத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். ஐபுபுரோஃபென், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள், தயாசைடு வகை நீர் மாத்திரைகள், ராமிப்ரில், எனலாப்ரில், டெல்மிசார்ட்டான் போன்ற பி.பி. மாத்திரைகள் எல்லாமே அதன் அளவை ஏற்றக்கூடியவை. கோடை வெயில், வாந்தி, பேதி, திடீரென்று உப்பைக் குறைத்த பத்தியம் எல்லாம் இதில் சேரும்.

ஆகவே லித்தியம் சாப்பிடும் வீட்டில் வாந்தி, பேதி, காய்ச்சல் வந்தால் அன்றைக்கே மருத்துவரைக் கூப்பிட்டு, மாத்திரையைத் தொடரலாமா என்று கேட்க வேண்டும். கை பெரிதாக நடுங்கி, நடை தள்ளாடி, பேச்சு குழறினால் அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காமல் நேராக மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். கடைசி மாத்திரை எத்தனை மணிக்குப் போட்டது என்று சொல்லுங்கள். வழக்கமான பரிசோதனைக்கு 12 மணி நேரம் கழித்துத்தான் ரத்தம் எடுப்பார்கள், அவசரத்தில் உடனே எடுப்பார்கள். இன்னொன்று: வயதானவர்களுக்கு அளவு "நார்மல்" என்று வந்தாலும் நச்சு அறிகுறிகள் இருக்கலாம். காகிதத்தைப் பார்த்து ஆளை விட்டுவிடாதீர்கள்.

எல்லா மாத்திரையையும் நிறுத்திவிடுவது

மேலே சொன்னதைப் படித்துவிட்டு யாராவது இன்றிரவே எல்லாவற்றையும் நிறுத்திவிடுவார்களோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. லித்தியம் நஞ்சேறும் அறிகுறி தெரிந்தால் நிறுத்துவது வேறு. "இந்த மாத்திரையாலதான் மறதி" என்று வீட்டார் தாங்களாகவே எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்துவது வேறு. தூக்க மாத்திரை என்று நாம் சொல்லும் அல்பிரசோலம், குளோனாசிபம், லோராசிபம் ஆகியவற்றை நாள்பட்டுச் சாப்பிட்டவர் சட்டென நிறுத்தினால் வலிப்பு வரலாம், இன்னும் மோசமான குழப்பமும் வரலாம். குளோசபின் என்ற மனநோய் மாத்திரை நின்றால் நோய் வேகமாகத் திரும்பும். குறைப்பது என்றால் படிப்படியாக, மருத்துவர் கணக்குப் போட்டுத்தான்.

இன்னொரு பக்கமும் உண்டு. மனச்சோர்வே மறதியைக் கொண்டுவரும். கவனம் நிற்காது, சொன்னது பதியாது, "எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்லை" என்று அவரே திரும்பத் திரும்பச் சொல்லி வருந்துவார். அவருக்கு மாத்திரையை நிறுத்தினால் மறதி கூடத்தான் செய்யும்.

அதே தூக்க மாத்திரையை ஒரு பழைய சீட்டை வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் வாங்குவதும் தவறுதான். வயதான உடம்பு இவற்றை மெல்லத்தான் வெளியேற்றும். டையாசிபம் நாள்கணக்கில் தங்கும். இரவு போட்டது மறுநாள் மத்தியானமும் மூளையில் உட்கார்ந்திருக்கும். புதிதாகக் கேட்டது பதியாது, கால் இடறும். அல்பிரசோலம், டையாசிபம் போன்றவற்றைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2014 முதல் அட்டவணை எச்1 என்ற அரசு விதி நடைமுறையில் இருக்கிறது. விதி இருந்தும் எத்தனை வீட்டு அலமாரியில் அந்த அட்டைகள் கிடக்கின்றன என்று உங்களுக்கே தெரியும்.

வாய் வறட்சியும் மறதியும் சேர்ந்து வந்தால்

டிரைஹெக்ஸிஃபெனிடில் என்று ஒரு சின்ன மாத்திரை. சீட்டில் டி.எச்.பி. என்று எழுதுவார்கள். ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன் போன்ற மனநோய் மாத்திரைகளால் வரும் நடுக்கத்துக்கும் விறைப்புக்கும் கூடவே தருவது. சிலருக்கு அது மிகவும் தேவை. ஆனால் ஒருமுறை சீட்டில் ஏறிவிட்டால் பத்து வருடம் ஆனாலும் இறங்குவதில்லை. நினைவுக்கு வேண்டிய அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளைத் தடுக்கும் மருந்து அது. அமிட்ரிப்டிலினும் அப்படித்தான், அதைத் தலைவலிக்கும் நரம்பு வலிக்கும்கூடக் கொடுப்பார்கள். சளி மாத்திரையில் இருக்கும் குளோர்ஃபெனிரமின், சிறுநீர் அடக்க முடியாததற்குத் தரும் ஆக்ஸிபியூட்டினின், இவையும் அந்தக் கூட்டம்தான். ஒவ்வொன்றும் தனியாகக் கொஞ்சம், நான்கும் சேர்ந்தால் நிறைய.

வாய் வறண்டு இட்லிகூடத் தொண்டையில் நிற்பது, மலச்சிக்கல், சிறுநீர் கழிக்க முக்குவது, ஊசியில் நூல் கோக்க முடியாமல் பார்வை மங்குவது. இவற்றோடு மறதியும் வந்திருந்தால் மருத்துவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "இதில் எது இன்னும் தேவை?" முதியவர்களுக்குத் தவிர்க்கப் பார்க்க வேண்டிய மருந்துகளுக்கு பியர்ஸ் என்ற மருத்துவர் 1991-ல் தொகுத்த பட்டியல் ஒன்று உண்டு. அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் அதை 2023-ல் புதுப்பித்தது. நான் மேலே சொன்ன டிரைஹெக்ஸிஃபெனிடில், அமிட்ரிப்டிலின், குளோர்ஃபெனிரமின், தூக்க மாத்திரைகள் எல்லாம் அதில் இருக்கின்றன. மறதி நோய்க்கு அசிட்டைல்கோலினைக் கூட்டும் டோனெபெசில் கொடுத்துக்கொண்டே இவற்றையும் கொடுப்பது ஒரு கையால் கோலம் போட்டு மறு கையால் அழிப்பது போல.

அப்புறம், எஸ்சிட்டலோபிராம், செர்ட்ரலின் போன்ற மனச்சோர்வு மாத்திரைகள் தொடங்கிய முதல் சில வாரங்களில் வயதானவருக்குத் தலைவலி, குமட்டல், குழப்பம் வந்தால் ரத்தத்தில் சோடியம் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். லிட்டருக்கு 135 மில்லிமோலுக்குக் கீழே இறங்கியிருக்கலாம், நீர் பிரியும் பி.பி. மாத்திரையும் சேர்ந்திருந்தால் இன்னும் எளிதாக இறங்கும். உப்புத் தண்ணீர் கரைத்துக் கொடுத்து வீட்டிலேயே சரிசெய்யப் பார்க்காதீர்கள். பைபோலாருக்கும் வலிப்புக்கும் தரும் வால்புரோயேட் சாப்பிடுபவர் மந்தமாகித் தூங்கி வழிந்தால் அம்மோனியா அளவைப் பார்க்க வேண்டும். கல்லீரல் பரிசோதனை சரியாக இருந்தாலும் அது கூடியிருக்கலாம்.

இன்னொரு அரை மாத்திரை, தயிர்சாதத்தில் பொடி

ராத்திரி கத்துகிறார், யாரும் தூங்கவில்லை, அரை மாத்திரை கூடக் கொடுத்துவிடலாம் என்று தோன்றும். கஷ்டப்பட்டவர்களுக்குத்தான் அது தெரியும், குறை சொல்லவில்லை. ஆனால் குழப்பம் மாத்திரையால் வந்திருந்தால் அதையே இன்னும் ஊற்றுகிறோம். மறதி நோய் உள்ள முதியவர்களுக்கு ரிஸ்பெரிடோன் போன்ற மனநோய் மருந்துகள் உயிர் ஆபத்தைக் கூட்டும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2005-லேயே எச்சரித்தது. உடம்பு கட்டை போல விறைத்து, காய்ச்சல் அடித்து, வியர்த்து, நினைவு தடுமாறினால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

மறுக்கிறார் என்று மாத்திரையைப் பொடித்துத் தயிர்சாதத்தில் கலப்பதும் வீடுகளில் நடக்கிறது. மெல்லக் கரைய வேண்டிய மாத்திரையைப் பொடித்தால் ஒரு நாள் மருந்தும் ஒரே நேரத்தில் இறங்கும். யார் கலந்தார்கள் என்று தெரியாமல் இரண்டு பேர் கலந்த கதையும் கேட்டிருக்கிறேன்.

மஞ்சப் பையோடு போங்கள்

சீட்டை மட்டும் கொண்டுபோகாதீர்கள். வீட்டில் இருக்கும் எல்லா அட்டைகளையும் ஒரு மஞ்சப் பையில் போட்டுக் கொண்டுபோங்கள்: சுகர், பி.பி., மூட்டுவலி, இருமல் டானிக், நாட்டு மருந்துப் பொடி வரைக்கும். இரண்டு மருத்துவர்கள் இரண்டு கம்பெனிப் பெயரில் ஒரே குளோனாசிபத்தை எழுதியிருப்பது அப்போதுதான் தெரியவரும். அட்டையின் பின்புறம் சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் பாருங்கள்.

அவசரப் பிரிவில் "மென்டல் பேஷண்ட்" என்று ஒரு சொல் விழுந்துவிட்டால் எல்லாமே அதன் கணக்கில் எழுதப்பட்டுவிடும். சிறுநீர்த் தொற்று, நிமோனியா, சர்க்கரை இறங்கியது, பக்கவாதம், கீழே விழுந்து தலையில் பட்ட அடி எதுவாகவும் இருக்கலாம். ஆகவே திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்: "இவங்க எப்பவும் இப்படி இருக்க மாட்டாங்க. செவ்வாய்க்கிழமை வரைக்கும் நல்லா இருந்தாங்க." மனநல மருத்துவரைப் பிடிக்க முடியாதபோது யோசனை கேட்க 14416 என்ற டெலி மானஸ் எண் இருக்கிறது, இலவசம், தமிழிலும் பேசுவார்கள்.

பெரியம்மாவுக்கு டிரிப் ஏற்றி, லித்தியத்தை நிறுத்தி, அளவு நான்கைந்து நாளில் இறங்கிவிட்டது. புத்தி அதே வேகத்தில் தெளியவில்லை. வீடு திரும்பிய பிறகும் மூன்று வாரம் வரை பெயர்கள் மாறின, அடுப்பை அணைக்க மறந்தார். அந்த நாட்களில் "இது யாரு சொல்லு பார்ப்போம்" என்று வந்தவர்கள் எல்லாம் அவரைப் பரீட்சை வைத்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஒவ்வொரு முறையும் அவர் முகம் சுருங்கியது. "பெரியம்மா, நான்தான், இன்னாள்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தால் போதும்.

இப்போது குறைந்த அளவில் மறுபடி லித்தியம்தான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளவு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின், தைராய்டு, கால்சியம். தேதிகளைத் தினசரிக் காலண்டரில் அவரே வட்டம் போட்டு வைக்கிறார். மூட்டு வலித்தால் மெடிக்கல் ஷாப்புக்குப் போகும் முன் எனக்கு போன் வருகிறது: "ஏன்டி, இதுல அந்த டைக்ளோ இருக்கான்னு பார்த்துச் சொல்லு."